கடை எந்தப் பக்கம்?

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே அப்பா நலம். நான் நலமா என்பது இந்தக் கடிதத்தை எழுதி முடிக்கும்போதுதான் எனக்கே தெரியும். அங்கே நீங்களும் குழந்தைகளும் சௌக்கியம் என்றும், அண்ணியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, பல்கூடத் துலக்காமல், ஒரு படத் தபாலட்டையை எடுத்துக்கொண்டு போய்க் குளியலறைக் கண்ணாடிக்குக் காட்டினேன். காட்டியதும் "ஐயோ" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அப்பா கதவைத் தட்டி, "உள்ள யார்கூடம்மா பேசிட்டிருக்க?" என்றார். "தபாலட்டைகூடப்பா" என்றேன். "சரி, சீக்கிரம் பேசி முடி, எனக்கு அவசரம்" என்றார். இந்த இரண்டு பேரில் யாருக்கு ஞாபகக் கோளாறு என்று நீங்கள் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறீர்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஃபோனில் சொன்னால் "விஷயத்துக்கு வா, விஷயத்துக்கு வா" என்பீர்கள். நான் வருவதற்குள் வைத்துவிடுவீர்கள். கடிதத்தை வைக்க முடியாது.

படிவம் வந்து பத்து நாளாகிறது. முதியோர் இல்லத்தில் ஜன்னலோரக் கட்டில் ஒன்றை அப்பாவுக்காக இந்த மாதக் கடைசி வரை வைத்திருப்பார்கள், அதற்குள் உடன் வசிப்பவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி என்று எழுதியிருந்தீர்கள். 'சேர்ப்பதற்கான காரணம்' என்ற இடத்தில் நீங்களே அழகாக நிரப்பியும் இருக்கிறீர்கள்: இடம், காலம் பற்றிய தடுமாற்றம், ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது என்று. அந்த ஆதாரம் என் தபாலட்டையின் நகல். நான் அனுப்பியதுதான். அதனால் உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. என்மேல்தான் இருக்கிறது, அதையும் எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியவில்லை.

என் பைத்தியம் உங்களுக்குத் தெரியும். இந்த ஊரின் பழைய படத் தபாலட்டை ஒன்று கையில் கிடைத்தால், அதைப் படம் பிடித்தவன் நின்ற இடத்தைத் தேடிப் போய் நின்று, அதே காட்சியின் இன்றைய அட்டையையும் தேடிப் பிடித்து, இரண்டையும் ஆல்பத்தில் ஜோடியாகச் செருகினால்தான் எனக்கு அந்த வாரம் சாப்பாடு இறங்கும். இன்றைய அட்டை இல்லாவிட்டால் நானே படமெடுத்து அச்சடித்துக்கொள்வேன். முந்நூற்றுப் பன்னிரண்டு அட்டைகள் சேர்ந்திருக்கின்றன. குளம் இருந்த இடத்தில் பேருந்து நிலையம், பேருந்து நிலையம் இருந்த இடத்தில் பாலம், பாலத்துக்குக் கீழே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்த அட்டைகளிலேயே எனக்கு உசத்தியானது மணிக்கூண்டுத் தெரு அட்டை. ரயில் நிலையத்தின் பக்கமிருந்து எடுத்தது. நடுவில் நேரான தெரு, கடைசியில் மணிக்கூண்டு, இரண்டு பக்கமும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே வரிசைக் கடைகள், முன்னால் சட்டை போட்ட மூன்று ஆண்கள். வலது பக்கம் கோடு போட்ட துணிப்பந்தலுக்குக் கீழே, அட்டைகள் மாட்டிய கம்பிச் சுழல்தட்டுக்குப் பக்கத்தில், ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் இளைஞர் நம் அப்பா. அது நம் எழுதுபொருள் கடை. பெயர்ப்பலகை இருந்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது. அந்தக் காலத்தில் அட்டைக்குக் கையால் வண்ணம் தீட்டியவர், எல்லாப் பலகைகளையும் நீலத்தில் மூழ்கடித்துவிட்டார். இப்போது அந்தத் தெருவில் மணிக்கூண்டைத் தவிர ஒரு செங்கல்கூடப் பழையது இல்லை.

அப்பாதான் ஆரம்பத்திலிருந்தே "நம்ம கடை இடது பக்கம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "அட்டையைப் பாருங்கப்பா" என்றேன். "அட்டை கெடக்கு. அங்க உக்காந்தது நானா, அட்டையா?" என்றார். நான் காப்பீட்டு அலுவலகத்தில் இருபது வருடமாக, மனிதர்கள் சொல்வதை நம்பாமல் காகிதம் சொல்வதை நம்புவதற்குச் சம்பளம் வாங்குகிறவள். உங்களையும் கேட்டேன். "கடையை மூடுறப்போ எனக்கு ஏழு வயசு. நான் தெருவைப் பாத்தேனா, மிட்டாயைப் பாத்தேனா? அட்டையில எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான்" என்றீர்கள். இரண்டுக்கு ஒன்று. அப்பா தோற்றார்.

தோற்றவர் சும்மா இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் இடது பக்கம் இருக்கும் வங்கிக்குள் போய், ஒரு டோக்கன் எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார ஆரம்பித்தார். நம்பர் வந்து கூப்பிட்டால், "எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா, நீ உக்காந்திருக்கிற இடத்துலதான் என் ஸ்டூல் இருந்தது, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்பாராம். காவலாளி நல்ல மனிதர். எனக்கு ஃபோன் பண்ணி, "மேடம், ஐயா வந்திருக்காரு, தண்ணி குடுத்துருக்கோம்" என்பார். நான் அலுவலகத்திலிருந்து அனுமதி வாங்கிக்கொண்டு ஓடிப்போய், அவர் கையைப் பிடித்து ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கம் இருக்கும் செருப்புக் கடைக்குக் கூட்டிப்போய், "இங்கதான்பா, நல்லா மனசுல வச்சுக்குங்க, இங்கதான்" என்று சொல்லிக்கொடுப்பேன். நான் பாடம் நடத்துவதற்குள் விற்பனைக்காரர் அப்பாவின் காலை அளந்துவிடுவார். வெறுங்கையோடு வர எனக்குக் கூச்சம். இப்போது அப்பாவிடம் ஏழு ஜோடி ஷூ இருக்கிறது. ஒரு ஜோடியையும் அவர் போடுவதில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நான் அந்தச் செருப்புக் கடைக்காரரிடம் பேசி, அட்டையைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, 'இந்த எழுதுபொருள் கடை இங்கேதான் இருந்தது' என்று எழுதிச் சுவரில் மாட்டவைத்தேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து இருபது நிமிடம் பேசினார். அப்பாவை அதற்குக் கீழே நிற்கவைத்துப் படமெடுத்து, பழையதும் புதியதுமாக ஒரே அட்டையில் ஐந்நூறு பிரதிகள் அச்சடித்தேன். அண்ணா, இதையும் ஒத்துக்கொள்கிறேன்: அந்தக் கூட்டத்தில் நானும் பேசினேன். இரண்டு வயதில் அந்தப் பந்தலின் நிழலில் விளையாடியது மங்கலாக நினைவிருக்கிறது, ஆமாம், வலது பக்கம்தான் என்று மைக்கில் சொன்னேன். பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே நினைவிருந்தது. இப்போதும் இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

அப்புறம்தான் டாக்டர். மூன்று வாரத்துக்கு முன்னால் கூட்டிப்போனேன். அவர் அப்பாவிடம், "உங்க கடை எங்க இருந்துச்சு?" என்றார். "மணிக்கூண்டைப் பாத்து நடந்தா இடது பக்கம்." நான் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன். டாக்டர் பார்த்து, தலையசைத்து, எழுதிக்கொண்டார். "இந்தப் படம் எந்நேரம் எடுத்தது, சொல்லுங்க பாப்போம்?" "காலையில. கடையைத் திறந்து அப்பதான் தட்டை வெளியில வச்சேன்." எண்கள் இல்லாமல் வெறும் கோடுகள் மட்டும் போட்ட மணிக்கூண்டு, அட்டையில் இரண்டு நாற்பது காட்டியது. டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். அப்பா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. பரீட்சையில் பக்கத்துப் பையன் தன் பேப்பரை வாத்தியாரிடம் காட்டிக்கொடுத்தால் பார்க்கிற மாதிரி.

அவருக்கு மறதியே இல்லை என்று சொல்லவரவில்லை. என்னை உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். போன மாதம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தார். அதே மாதம் நான் இரண்டு தடவை மறந்தேன். எனக்கு யாரும் படிவம் நிரப்பவில்லை.

நேற்று மாலை, ஆல்பத்துக்குத் துணி உறை தைக்கத் தையற்காரரிடம் போனேன். அளவுக்காக ஆல்பத்தைத் திறந்தவர், மணிக்கூண்டு அட்டையில் அப்படியே நின்றுவிட்டார். லென்ஸை எடுத்தார். "ஏன்க்கா, அந்தக் காலத்துல இந்த ஊரு ஆம்பளைங்க எல்லாம் லேடீஸ் சட்டையா போட்டிருந்தாங்க?" என்றார்.

"என்னது?"

"பட்டன் பட்டியைப் பாருங்க. ஆம்பளைச் சட்டைக்கு எப்பவும் இடது பக்கந்தான் மேல வரும். இங்க மூணு பேருக்கும் வலது மேல வந்திருக்கு. பாக்கெட்டு வேற வலது நெஞ்சுல. ஒருத்தனுக்குத் தப்பாத் தச்சிருந்தா விட்டுரலாம். மூணு பேருக்குமா?"

"அந்தக் காலத்து ஃபேஷனா இருக்கும்" என்றேன்.

"அக்கா, எங்கப்பா தச்ச காலம் அது. அப்பிடித் தச்சிருந்தா தாத்தா கையை உடைச்சிருப்பாரு" என்றவர், அட்டையைக் கடைக் கண்ணாடியின் பக்கம் திருப்பப் போனார். நான் ஆல்பத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உறை தைக்கக் கொடுக்கவில்லை. இன்று காலை கண் விழித்ததும், பிடுங்கிக்கொண்டு வந்தது ஏன் என்று எனக்கே புரிந்துவிட்டது. அதனால்தான் குளியலறை.

கண்ணாடியில் எல்லாம் ஒழுங்காக இருந்தது அண்ணா. மூன்று பேர் சட்டையும் ஆம்பளைச் சட்டை. தெருவோரம் நிற்கும் காரில் ஓட்டுநர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, 'வெளிநாட்டு வண்டி' என்று குறிப்பெழுதி வைத்திருந்தேனே, அவர் கண்ணாடியில் நம்மூர் ஓட்டுநராகிவிட்டார். மணிக்கூண்டில் ஒன்பது இருபது. காலை. நம் கடை இடது பக்கம், வங்கி இருக்கும் இடத்தில். அச்சடித்தவன் பட நெகட்டிவைத் திருப்பிப் போட்டிருக்கிறான். ஒரு தெருவே இத்தனை வருடமாக இடம் வலம் மாறிக் கிடக்கிறது. அதைச் சரியாகச் சொன்ன ஒரே ஆளை நான் டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறேன்.

அதன்பின் என் நிலைமையைக் கேட்காதீர்கள். ஒரு அட்டை இப்படியென்றால் மற்றவை எப்படி என்று ஒவ்வொன்றாகக் கண்ணாடிக்குக் காட்ட ஆரம்பித்தேன். அறுபத்து நாலாவது அட்டையில் அப்பா மறுபடியும் கதவைத் தட்டினார். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். எதிர் நிறுத்தத்தில் பஸ் ஏறி டிப்போவுக்குப் போய்ச் சேர்ந்தேன். நடத்துனர், "எங்கம்மா போகணும்?" என்றார். "எந்தப் பக்கம் போகுது?" என்றேன். "இது எந்தப் பக்கமும் போகாது, கழுவப் போறோம், இறங்குங்க" என்றார். அலுவலகத்துக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம். இப்போது சாப்பாட்டு இடைவேளையில், காலிப் படிவங்களின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முன்பக்கத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஆகவே அண்ணா, ஆதாரம் தவறு. அதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஆதாரம் தவறு என்பதால் அப்பா சரி என்று ஆகுமா, ஒரு கடையின் பக்கத்தைச் சரியாகச் சொன்னவர் அடுப்பையும் சரியாக அணைப்பாரா, என் தலையே இந்த லட்சணத்தில் இருக்கும்போது அவர் தலையை நான் சோதிக்கலாமா, ஒன்றும் புரியவில்லை. மாலை வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்பேன். மற்றபடி, ஜன்னலோரக் கட்டிலை விடுவதா வைப்பதா என்று நீங்களே யோசித்துச் சொல்லுங்கள். உங்கள் முடிவுதான் என் முடிவு. பெரியவர், தூரத்தில் இருக்கிறீர்கள், தூரத்திலிருந்து பார்த்தால் பக்கம் தெளிவாகத் தெரியலாம்.

அண்ணிக்கு என் வணக்கமும், குழந்தைகளுக்கு என் முத்தங்களும். எல்லாரும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை

பின்குறிப்பு: இது வீட்டுக்கு வந்தபின் எழுதுவது. அப்பாவைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து அட்டையைக் காட்டினேன். "அப்பா, என்னை மன்னிச்சிருங்க. நீங்க சொன்னதுதான் சரி. கடை இடது பக்கம்தான்" என்றேன்.

அவர் கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இல்லம்மா, வலது பக்கம்" என்றார்.

"வருஷம் பூரா இடதுன்னுதானேப்பா சொன்னீங்க?"

"சொன்னேன். நீ ஒத்துக்கல. டாக்டர் ஒத்துக்கல. உங்கண்ணன் ஃபோன்ல கத்தினான். நீ வேற சுவத்துல படத்தை மாட்டி, மைக்ல பேசி, ஐந்நூறு அட்டை அடிச்சுட்ட. ஒரு கடைக்காக எத்தனை பேர் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறது? அதான் போகட்டும்னு கடையைத் தூக்கி எதிர்ப்பக்கம் வச்சுட்டேன்."

"எப்பப்பா?"

"டாக்டர் வீட்டுலேர்ந்து வர்ற வழியிலதான். இனிமே மறுபடி மாத்தச் சொல்லாத. ஷெல்ஃபெல்லாம் கனம்."

சொல்லிவிட்டுப் பால் வைக்கப் போனார். அடுப்பை அணைத்தாரா என்று நான் கொஞ்சம் கழித்துப் போய்ப் பார்த்தேன். அணைத்திருந்தார். பாலைத்தான் வைக்க மறந்திருந்தார். நான் வைத்தேன்.

எனவே மேலே 'உங்கள் முடிவுதான் என் முடிவு' என்று எழுதிய வரியைப் படிக்காதீர்கள். மற்ற வரிகளையும் படிக்க வேண்டாம், அவை எல்லாம் அட்டை சரியா தவறா என்பதைப் பற்றியவை. கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள். படிவத்தை மடித்து ஆல்பத்தில், மணிக்கூண்டு அட்டைக்கு ஜோடியாகச் செருகிவிட்டேன். அதில் என் கையெழுத்து இல்லை, இனிமேலும் வராது. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம்கூட. செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருக்கிறேன். அவரோடு மணிக்கூண்டுத் தெருவுக்குப் போவேன். எந்தப் பக்கம் கைகாட்டுகிறாரோ அந்தப் பக்கம் திரும்புவேன். வழியில் அவருக்கு மனசு மாறினால், ஷெல்ஃபை நான் தூக்கிக்கொள்கிறேன்.