ஒட்டடைக்கம்பால் லினக்ஸ் போட்டவர்

செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டரைத் தொடுகிறவர்கள் உலகத்தில் நிறைய உண்டு. வாசலில் ஒரு செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு வந்து தொட்டவர் எங்கள் போர்மேன் அண்ணாச்சி ஒருவர்தான்.

நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நெடுங்காலம் போர்மேனாக இருந்தவர். வெடிமருந்து அறைக்குள் போகுமுன் உடம்பிலுள்ள கரண்ட் இறங்கச் செம்புத் தகட்டைத் தொடுவது அங்கே சட்டம். மூட்டு வலி வந்ததும், பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் எங்கள் சிவகாசி ஆபீசுக்கு மேற்பார்வையாளராக வந்தார். சட்டமும் கூடவே வந்தது. சிபியு பக்கத்தில் மணல் வாளி வைத்தார். பளபளவென்று நைலான் டி-ஷர்ட்டில் போன என்னை, நைலான் பொறி கிளப்பும் என்று பருத்தி வேட்டி சட்டைக்கு மாற்றினார். டிசைனர் வேலைக்கு வந்தவன், பெண் பார்க்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

தீபாவளி சீசன். எங்கள் கிழட்டுக் கம்ப்யூட்டர் புது விண்டோஸைத் தாங்காது என்று தெரிந்தது. "லினக்ஸ் போட்டுருவோம், ஓசிதான்" என்று முதலாளியிடம் அளந்தது நான். பார்த்திருந்தது ஒரே ஒரு வீடியோ, அதுவும் பாதி.

"சாயங்காலம் புது வெடி லேபிள் மிஷின் ஏறணும். ஏறலேன்னா நீ காரியாபட்டி பஸ் ஏறிரு" என்றார் முதலாளி. காரியாபட்டி என் சொந்த ஊர்.

லினக்ஸ் ஆரம்பித்தது. 'பழைய பைல்களை வைத்துக்கொள்ளவா, எல்லாவற்றையும் அழிக்கவா?' என்று திரை கேட்டது. 'வைத்துக்கொள்' மேல் நிறுத்திவிட்டு என்டர் தட்டப் போனேன்.

"ஏலே, கைய எடு! புது மருந்து பத்த வைக்கையில உள்ள ஆளு இருக்கலாமா?"

"அண்ணாச்சி, இது வெறும் சாப்ட்வேருங்க."

"மொதல்ல எல்லாப் பயலும் அப்படித்தாம்லே சொல்லுவான். வெளிய வா!"

ஆபீஸ் முழுவதையும் வேப்பமரத்தடிக்கு விரட்டி, தலைகளை எண்ணினார். பிறகு வாசலில் நின்றபடியே ஒட்டடைக்கம்பை உள்ளே நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அணுகுண்டுத் திரியில் ஊதுபத்தி வைப்பதுபோல் என்டரைத் தேடினார். கம்பு முதலில் அம்புக்குறியை அமுக்கியது. பிறகுதான் என்டர். மூட்டு வலியை மறந்து எங்களை நோக்கி ஓடிவந்தார்.

ஒன்றும் வெடிக்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். எல்லாவற்றையும் சுத்தமாக அழித்துக்கொண்டிருந்தது. காதில் காரியாபட்டி பஸ் ஹாரன் அடித்தது.

"என்னலே மூஞ்சி இப்படிப் போச்சு?"

"லேபிள் போச்சு அண்ணாச்சி! எல்லாம் உள்ளதான இருந்துச்சு!"

"கோட்டிப்பயலே, முடிஞ்ச சரக்க எவனாச்சும் மருந்து ரூம்ல வைப்பானா? காலையிலயே டைப்பிங் பிள்ளைகிட்ட சொல்லி வெளிய எடுத்துட்டேன்."

கிளையில் தொங்கிய தூக்குவாளிப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்தார். என் லேபிள், புளியோதரை வாசனையோடு.

அந்த நேரம் பார்த்து லினக்ஸ் வந்துவிட்டதாகக் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. "பத்திக்கிச்சுலே!" என்று ஓடினார் அண்ணாச்சி. மணல் வாளி சிபியு மேல் கவிழ்ந்தது. முதலாளி மறுநாளே புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்.

அன்று சாயங்காலம் லேபிளோடு அச்சுக்கூடத்துக்கு நடக்கையில் கேட்டேன்: "அதான் லேபிள் பத்திரமா இருந்துச்சுல்ல, பெறகு எதுக்கு எங்கள வெளிய விரட்டுனீக?"

"லேபிள் இன்னொண்ணு போட்டுக்கிடலாம்லே" என்றார், தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டு.

இப்போது எனக்கு வேறு ஊர், வேறு ஆபீஸ். லேப்டாப்பில் அப்டேட் ஓட ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய் நிற்கிறேன். எண்ணுவதற்கு அண்ணாச்சி இல்லாததால், என் தலையை நானே ஒருமுறை எண்ணிக்கொள்கிறேன்.