இரங்கல் பக்கத்தின் புதுத் தோற்றம் குறித்து மாப்பிள்ளைக்கு

திருத்தணி,
ஆடிக் கிருத்திகைக்கு அடுத்த வாரம்.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை பிரேம்குமார் அவர்களுக்கு, மாமனார் சுந்தரமூர்த்தி எழுதிக்கொள்வது.

நான் உயிரோடு இருக்கிறேன். வழக்கமாக நலம் விசாரித்துத்தான் கடிதம் தொடங்குவேன்; இந்த முறை அதற்கும் முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டிய நிலை. தங்கள் அத்தை சந்திராவும் நலம், மயக்கம் தெளிந்துவிட்டது. தணிகைவேலன் அருளால் தாங்கள் சிங்கப்பூர் அலுவலக வேலையை நல்லபடியாக முடித்துத் திரும்பியதாக மோனிஷா சொன்னாள். மகிழ்ச்சி.

என் வலைப்பக்கத்துக்குத் தாங்கள் புதுத் தோற்றம் அமைத்துக் கொடுத்தது பற்றி, “பிளஸ் என்ன, மைனஸ் என்ன, மாமா மனசுல வெச்சிக்காம சொல்லணும்” என்று மோனிஷாவிடம் சொல்லியனுப்பியிருந்தீர்கள். நேரில் கேட்டிருந்தால் “ரொம்ப நல்லாருக்கு மாப்பிள்ளை” என்பதற்கு மேல் எனக்கு வாய் வந்திருக்காது. பெண்ணைக் கொடுத்த இடத்தில் குறை சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. போனிலும் அதே கதைதான். ஆகவே எழுதுகிறேன். ஏதாவது ஒரு வரி மனசைத் தைத்தால் அது கை தவறி எழுதியது என்று எடுத்துக்கொள்ளவும்.

முதலில் பலம். எழுத்து பெரிதாகியிருக்கிறது. கண்ணாடி போடாமலே படிக்க முடிகிறது. முன்பெல்லாம் செல்போனில் படிக்கிறவர்கள் இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பார்ப்பார்கள், இப்போது அந்தச் சிரமம் இல்லை. ஊர்ப் பெயரைத் தட்டினால் அந்த ஊர்ச் செய்தி மட்டும் வருவது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. மேலே மூலையில் சுடர் அசைகிற விளக்குப் படத்தை அத்தை மிகவும் ரசித்தாள். அணைந்துவிடுமோ என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

இனி மற்றது. அதற்கு முன்னால் அந்தப் பக்கம் எதற்காக வந்தது என்று தங்களிடம் நான் சரியாகச் சொல்லவில்லையோ என்று தோன்றுகிறது. நான் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்த காலத்தில், கையில் மாலையோடு யாராவது ஒருவர் தினமும் என் ஜன்னலண்டை வந்து நிற்பார். “அம்மையார்குப்பத்துக்கு அடுத்த வண்டி எப்பங்க? எடுத்துடுவாங்க, அதுக்குள்ள போவணும்” என்பார். மாலையோடு வருகிறவர்களுக்கு நான் வரிசை பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலையைத்தான் வலைப்பக்கத்தில் செய்துவருகிறேன். யார் இறந்தார், எந்த ஊர், எப்போது எடுக்கிறார்கள், திருத்தணியிலிருந்து எந்த வண்டியில் போனால் முகம் பார்க்கலாம். பழைய பக்கம் பார்க்க ரேஷன் கடைப் பலகை மாதிரி இருந்தது உண்மைதான், ஆனால் இந்த நான்கும் அதில் ஒரே மூச்சில் கிடைத்தன.

புதுத் தோற்றத்தில் ஒவ்வொரு செய்திக்கும் கீழே சிவப்பு இதயம் ஒன்று வைத்திருக்கிறீர்கள். பொதட்டூர்பேட்டையில் கோவிந்தம்மாள் என்ற பெரியவர் காலமான செய்தியில் முதல் இதயத்தைத் தட்டியது அவருடைய மருமகள் அனிதா. பக்கத்தை மூடுகிற பொத்தான் என்று நினைத்துத் தட்டினதாக அந்தப் பெண் காரியம் முடிகிற வரையில் சொல்லிக்கொண்டிருந்ததாம், நாத்தனார்கள் நம்பவில்லை. அந்த வீட்டு மூத்த மகன் என்னைக் கூப்பிட்டு, “மாமியார் செத்ததுக்கு மருமக லைக் போடறதுக்கு நீங்கதான் சார் இடம் பண்ணிக் குடுத்தீங்க” என்றார். அதோடு, பக்கத்தைத் திறந்தவுடன் ஒரு கட்டம் குதித்து வந்து ‘இரங்கல் செய்திகளில் நீங்கள் முதல் ஆளாக இருக்க விருப்பமா?’ என்று கேட்கிறது. செய்தியை முதலில் அறிய விருப்பமா என்றுதான் தாங்கள் கேட்க நினைத்தீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கள் தெரு ஜெகநாதனுக்கு இதய அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருக்கிற சமயத்தில் அந்தக் கேள்வி அவரிடம் போயிருக்கிறது. ‘ஆம்’, ‘பிறகு பார்க்கலாம்’ என்று இரண்டே பதில்கள்தான் இருந்தனவாம், ‘வேண்டாம்’ என்று ஒன்று இல்லையே என்று வருத்தப்பட்டார்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. ஒன்று மட்டும் அப்படியில்லை. பேருந்து விவரத்தை ‘மேலும் படிக்க’ என்பதற்குக் கீழே தள்ளிவிட்டீர்கள். படத்துக்கு இடம் வேண்டும் என்று செய்திருப்பீர்கள். ஆர்.கே.பேட்டைத் தங்கவேல் என்பவர், தறியில் கூடவே உட்கார்ந்து வேலை செய்த சிநேகிதர் இறந்ததைப் பார்த்துவிட்டு, அந்த ‘மேலும் படிக்க’ கண்ணில் படாமல், தோன்றிய வண்டியில் ஏறி, வேறு பக்கம் இறங்கி, நடந்து போய்ச் சேர்ந்திருக்கிறார். போனபோது தீ வைத்துவிட்டார்கள். மறுநாள் என் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “மூஞ்சியப் பாக்க முடியலீங்க. அதான் உங்களாண்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார். மாப்பிள்ளை செய்தார் என்று சொல்லவில்லை. நான்தான் மாற்றினேன் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

அன்றைக்கே தங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். போனை எடுத்தேன், நீங்கள் “சொல்லுங்க மாமா” என்றீர்கள், “சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதன் பலனாகத்தான் என் பிறந்த நாளுக்குப் பரிசாக, சொல்லாமல் கொள்ளாமல், விமானம் ஏறுகிற அவசரத்திலும் என் புகைப்படத்தைப் பக்கத்தின் உச்சியில் ஏற்றினீர்கள். தங்கள் அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி, வட்டத்துக்குள் வைத்து, பக்கத்தில் அந்த அசையும் விளக்கும், கீழே பிறந்த ஆண்டும், ஆண்டுக்குப் பிறகு ஒரு கோடும், ‘வாழ்நாளெல்லாம் மக்களுக்காக’ என்ற வாசகமும் சேர்ந்தால், இரங்கல் பக்கத்தில் அதை வேறு எப்படிப் படிப்பார்கள்?

அன்று ஆடிக் கிருத்திகை. அத்தை விடியலிலேயே மலைக்குப் போய்விட்டாள். ஊர் முழுக்கக் காவடிக் கூட்டம், அரோகரா சத்தம். நான் கதவைத் தாழிட்டுப் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தேன். வாசலில் பேச்சுக் குரல் கேட்டது, காவடிக்காரர்கள் என்று விட்டுவிட்டேன். ஜெகநாதன் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். கதவைத் தட்டிப் பார்த்திருக்கலாம். தட்டினால் சந்திரா அழுவாள், அதைத் தாங்க முடியாது என்று நினைத்து, பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கும் ஐஸ் பெட்டிக்கும் சொல்லிவிட்டிருக்கிறார். நல்ல மனிதர்.

அப்போதுதான் தெருவில் ஓர் ஒப்பாரி எழுந்தது. அந்தக் குரலை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். அது என் அக்கா கன்னியம்மாள்.

தங்களுக்கு அக்காவைத் தெரியாது. தெரியாததற்குக் காரணமும் தாங்கள் அறிந்ததுதான். மோனிஷா பிறந்த அன்றே தன் மகன் முரளிதரனுக்கு என்று அக்கா சொல்லி வைத்திருந்தாள். மோனிஷா தங்களை விரும்பினாள். பிள்ளை மனசுக்கு மாறாக நான் நடக்கவில்லை, இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அக்காவும் அவள் கணவர் ராஜமாணிக்கம் பாவாவும் தங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. அதன் பிறகு பள்ளிப்பட்டுக்கும் திருத்தணிக்கும் நடுவே எத்தனையோ வண்டிகள் ஓடின, எங்கள் இரண்டு வீட்டு ஆட்கள் மட்டும் எதிலும் ஏறவில்லை.

நான் ஈரத் துண்டோடு கதவருகே வந்து தாழ்ப்பாளில் கை வைத்தேன். வெளியே அக்கா மார்பில் அடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள். “நைனா, கெணத்தங்கரையில வழுக்கி வுழுந்தவன உன்ன இடுப்புல தூக்கினு ஓடியாந்தேனே. அந்த இடுப்பு இன்னும் நோவுதே. நாலு எட்டுல பள்ளிப்பட்டு, ஒருவாட்டி வந்து அக்கான்னு கூப்ட்டிருந்தா நான் கதவச் சாத்தியிருப்பேனா? நானாவது வந்திருக்கக் கூடாதா? பேரன் பொறந்தான், உங்கிட்ட காட்டலியே. உன் மூக்குடா அவனுக்கு.”

முரளிக்குக் கல்யாணம் ஆன சேதி எனக்குக் காதில் விழுந்திருந்தது. குழந்தை பிறந்தது தெரியாது. உண்மையைச் சொல்கிறேன், உடனே கதவைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. திறந்தால் நிறுத்திவிடுவாள் என்று தெரியும். அவள் என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிக் கேட்டு அவ்வளவு நாளாகியிருந்தது.

பிறகு திறந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். அழுகையை நிறுத்தாமலே, “ஏன்டா, தலைய ஒழுங்காத் தொவட்டக் கூடாதா?” என்றாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பாவா ஆளுயர மாலையை இரண்டு கையிலும் ஏந்தியபடி நின்றார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கீழே வைக்கவும் முடியாது, சாமிக்கும் ஆகாது. “இன்னாய்யா இது” என்று மட்டும் கேட்டார். நேரம் பார்த்து ஐஸ் பெட்டி வண்டி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் நேராக என்னிடம் வந்து, “பாடி எங்கீங்க?” என்றார். “நான்தான்” என்றேன். அவர் எத்தனையோ சாவு வீடு பார்த்தவர், இருந்தாலும் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

ஜெகநாதன் என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். பாவா, “கொண்டாந்தத திருப்பி எடுத்துகினு போறது ஆவாது. உசுரோட இருக்கறவனுக்கும் மாலை போடலாம்” என்று அதை என் கழுத்திலேயே போட்டார். நான் எழுந்து அவர் காலைத் தொட்டிருக்க வேண்டும், மாலை கனத்தில் எழ முடியவில்லை. அதே நேரம் பார்த்து அத்தை மலையிலிருந்து பிரசாதத்தோடு தெருமுனையில் திரும்பினாள். வீட்டு வாசலில் கூட்டம், ஐஸ் பெட்டி, அழுத முகத்தோடு நாத்தனார், நாற்காலியில் மாலையோடு அசையாமல் உட்கார்ந்திருக்கிற கணவன். நான் கையை ஆட்டினேன். அதுதான் தப்பாகப் போய்விட்டது. ஆட்டாமல் இருந்திருந்தால் அழுதிருப்பாள், ஆட்டியதால் மயங்கிவிட்டாள்.

அத்தைக்கு மயக்கம் தெளிந்த பிறகு, அக்கா, “சாவு இல்லாட்டியும் சாவுக்குன்னுதான் கெளம்பி வந்தோம், குளிக்காம சாப்புடக் கூடாது” என்று எல்லாரையும் குளிக்க வைத்தாள். என்னையும் இரண்டாம் முறை குளிக்க வைத்தாள். உட்கார்ந்து சாப்பிட்டோம். பேரன் படத்தைக் காட்டினாள். மூக்கு என்னுடையதுதான். பாவா மோர் ஊற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், “மோனிஷாவ வூட்டுக்காரர் நல்லாப் பாத்துக்கிறாரா?” என்று கேட்டார்.

“ஆங், தங்கமா பாத்துக்கிறார் பாவா” என்றேன்.

“மாமனாரச் செத்துட்டார்னு போட்டவர்தானே?”

அக்கா புரையேறச் சிரித்தாள். பாவாவும் சிரித்தார். எங்கள் வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கடைசியாகக் கேட்டது தங்கள் கல்யாணத்துக்கு முன்பு. இதை நான் பலத்தில் சேர்ப்பதா, பலவீனத்தில் சேர்ப்பதா என்று தெரியாமல்தான் இத்தனை நாளாகக் கடிதம் எழுதாமல் இருந்தேன்.

ஆனாலும் யோசித்துப் பார்த்ததில், ஒரு வீட்டுக்கு நல்லது நடந்தது என்பதற்காகத் தங்கவேலுக்கு நேர்ந்தது சரியாகிவிடாது. ஆகவே தாங்கள் பெரிய மனசு பண்ணி, இதயம், குதிக்கும் கட்டம், விளக்கு, வட்டம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பழைய பக்கத்தையே திரும்ப வைத்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். மோனிஷா அன்று மாலையே என் படத்தை மறைத்துவிட்டாள். இனி அது வரவே கூடாது.

தாங்களும் மோனிஷாவும் எல்லா வளமும் பெற்று நீடு வாழத் தணிகைமலையான் துணை நிற்கட்டும். தங்கள் தாய் தந்தையருக்கு என் வணக்கங்கள். என் வாழ்த்துகள் எப்போதும் உங்களோடு.

இப்படிக்கு,
என்றும் தங்கள் நலம் நாடும்,
(உயிருடன்) சுந்தரமூர்த்தி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் பாவாவும் அக்காவும் மறுபடி வந்துவிட்டார்கள். மேலே எழுதியதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பேருந்து வரியை மட்டும் உச்சிக்கு ஏற்றிவிட்டு, மற்றதையெல்லாம் இன்னும் ஒரு வாரத்துக்கு அப்படியே வைத்திருங்கள். இத்துடன் பாவாவின் புகைப்படம் ஒன்று வைத்திருக்கிறேன். அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, வட்டத்துக்குள், அந்த விளக்குக்குப் பக்கத்தில் போட வேண்டுமாம். நகரியில் பாவாவுக்கு ஓர் அண்ணன் இருக்கிறாராம், பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம் ஆகிறதாம். இது தகாத காரியம் பாவா, பொய் என்று தெரிந்தால் அவருக்குக் கோபம் வரும், போன் போட்டுப் பேசிப் பாருங்கள் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். போன் போட்டாராம், அவர் எடுக்கவில்லையாம். பாவா சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டு, “கோவம் வந்தா வரட்டும். வந்து நின்னு கோவிச்சுக்கட்டும்” என்றார்.