கடல் எனக்கு ஆடக் கற்றுக்கொடுத்த கதை

என்னைப் பேட்டி எடுத்தால் உண்மை வராது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எதிரே ஒருவர் பேனாவோடு உட்கார்ந்து "உங்களுக்குப் பிடித்த..." என்று ஆரம்பித்தால் போதும், எனக்கு நிஜமாகப் பிடித்தவை எல்லாம் எழுந்து வெளியே போய்விடும். பிடித்திருந்தால் கௌரவமாக இருக்குமே என்று தோன்றுபவை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சில வருடங்களுக்கு முன் சென்னையில் நான் அமைத்த ஒரு நவீன நடனத்தைப் பற்றி நாலு பேர் நல்லவிதமாகப் பேசினார்கள். உடனே ஒரு வார இதழிலிருந்து பேட்டிக்கு வந்தார்கள். அந்தமானில் பிறந்த நடன அமைப்பாளர் என்றதும் நிருபருக்கு ஒரே உற்சாகம். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பிடித்த உணவு? "பச்சைக் காய்கறி, பழங்கள். சமைத்ததை என் உடல் ஏற்பதில்லை." (அன்று மதியம்தான் இரண்டு பிளேட் மீன் வறுவல் உள்ளே போயிருந்தது. உடல் மறுப்பேதும் தெரிவிக்கவில்லை.) பிடித்த இசை? "மௌனம்." சினிமா நடனம்? "பார்ப்பதில்லை." உங்கள் நடனங்கள் எல்லாமே இடது காலில் தொடங்குகின்றனவே? "அலை இடது பக்கத்திலிருந்துதானே வருகிறது." (எந்த ஊர்க் கடலில் என்று அவர் கேட்கவில்லை. தங்கமான மனிதர்.)

கடைசிக் கேள்வி, முதல் குரு யார்? "கடல்தான். எங்கள் வீட்டில் யாருக்கும் நடனம் பற்றி ஒன்றும் தெரியாது."

எங்கள் வீட்டில் சுகந்தி அக்கா இருந்தாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். போர்ட் பிளேரில் புரோத்ராபூர் வீட்டு ஹாலில் கட்டில், பீரோ, அப்பாவின் ஸ்கூட்டர் எல்லாம் போக மிஞ்சிய இடத்தில், டேப்ரிக்கார்டரில் சினிமாப் பாட்டைப் போட்டு எனக்கு ஆடச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். பக்கத்துப் பக்கத்தில் நிற்க இடம் கிடையாது; எதிரெதிரேதான் நிற்க முடியும். அவள் வலது காலை வைத்தால், கண்ணாடியில் தெரிவதுபோல் நான் இடது காலை வைப்பேன். என் இடது காலின் ரகசியம் இவ்வளவுதான். பிறகு நான் ஆடுவதற்குச் சென்னைக்குப் போனேன். அக்கா நர்ஸாகி கார் நிக்கோபாருக்குப் போனாள்.

பேட்டி வந்த அடுத்த மாதம், ஆஸ்பத்திரி ஊழியர்களின் பொங்கல் விழாவில் ஆட வேண்டும் என்று அக்கா கூப்பிட்டாள். தீவுக்குள் வருவதற்கு வேண்டிய பாஸையும் அவளே வாங்கி வைத்திருந்தாள். பேட்டியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. படித்திருக்க மாட்டாள் என்று நானாக நினைத்துக்கொண்டு கப்பல் ஏறினேன்.

குருவான கடல் அன்று சிஷ்யையைக் கொஞ்சமும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கப்பலின் பங்க் வகுப்புப் படுக்கையில் சுருண்டு கிடந்து, பிளாஸ்டிக் பைகளை ஒவ்வொன்றாக நிரப்பினேன். பக்கத்துப் படுக்கையில் இருந்த அம்மாள் என் முதுகைத் தடவிவிட்டு, "மெயின்லாண்டாம்மா நீ? கப்பல் ஆதத், பழக்கம் இல்லபோல" என்று தீவின் இந்தி கலந்த தமிழில் சொன்னார். தீவில் பிறந்த எனக்கு அதைவிடப் பெரிய அவமானம் வேண்டாம் என்று நினைத்தேன். இன்னும் கரையேறவே இல்லையே.

கப்பல் துறையில் அக்காவும் அவளோடு வேலை பார்க்கும் பார்மசிஸ்ட் முருகேசன் அண்ணனும் ஜீப்போடு நின்றிருந்தார்கள். நான் முன்சீட்டில் ஏறினேன், அக்கா பின்னால்.

"பேட்டி பாத்தோம் மேடம். வாட்ஸாப்ல எல்லாருக்கும் வந்துடுச்சு. அதுல சொன்ன மாதிரியே சப் இந்தஜாம், எல்லா ஏற்பாடும் பண்ணியாச்சு, டென்ஷன் வேணாம்" என்றார் அவர். ஜீப்பைக் கிளப்பிவிட்டு, "ஒரு சந்தேகம். நாலு வருஷமா டியூட்டி ரூம்ல சிஸ்டர் ஒரே பேச்சு, தங்கச்சிக்கு மொதமொதல்ல ஆடக் கத்துக்குடுத்தது நான்தான்னு. இப்ப பேட்டிய பாத்துட்டு எல்லாம் கிண்டல் பண்றாங்க. கடலோட பேரு சுகந்தியான்னு கேக்குறாங்க. எது சச், எது நிஜம் மேடம்?"

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அக்கா சொன்னதுதான் உண்மை என்று சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்காது. ஆனால் அவர் என்னை "மேடம்" என்று கூப்பிட்ட விதம் அவ்வளவு இனிப்பாக இருந்தது. "சின்ன வயசுல எல்லாரும் வீட்ல ஆடுறதுதானே" என்று சிரித்துவைத்தேன். அக்கா தென்னை மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மதியச் சாப்பாட்டில் எல்லோருக்கும் நண்டு மசாலாவும் சூரை மீன் வறுவலும். காலியான வயிற்றோடு நான் மணத்தை முகர்ந்துகொண்டிருந்தேன். எனக்கு மட்டும் தனித் தட்டு வந்தது: வெள்ளரிக்காய், பப்பாளி, ஒரு துண்டு தேங்காய். அக்காவே கொண்டுவந்து வைத்தாள்.

"உனக்கு இதான புடிக்கும்" என்றாள். ஆமாம் என்று தலையாட்டி வெள்ளரிக்காயைக் கடித்தேன்.

சாயங்காலம் ஹால் நிறையக் கூட்டம். மேடையின் இரண்டு பக்கமும் கரும்புக் கட்டு. நான் ஏறியதும் மின்விசிறிகள் நின்றன. "மேடத்துக்கு மௌனம்தான் மியூசிக். யாரும் இருமாதீங்க" என்று முருகேசன் அண்ணன் மைக்கில் கேட்டுக்கொண்டார். ஜனங்கள் வியர்த்துக்கொண்டே இருமலை அடக்கினார்கள். நான் கையை மெதுவாக நீட்டி, அதைவிட மெதுவாக மடக்கினேன். ஐந்து நிமிடம் போயிருக்கும். முன் வரிசையிலிருந்து ஒரு குழந்தை, "மம்மி, பாட்டு கப் ஆயேகா?" என்று கேட்டது. (பாட்டு எப்போது வரும்?)

கப்பலில் வந்தவர்களுக்குத் தெரியும், இறங்கிய பிறகும் தரை ஆடிக்கொண்டே இருக்கும். நான் ஒற்றைக் காலில் நின்ற நேரம் பார்த்து மேடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. (மேடை சாயவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள்.) கரும்புக் கட்டைப் பிடித்தேன். அதுவும் நானுமாகச் சேர்ந்து பெரிய டாக்டரின் மடியருகே போய் விழுந்தோம். இதுவும் நவீன நடனம்தான் போலிருக்கிறது என்று எல்லோரும் மரியாதையாகக் கைதட்டினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் தட்டினார்கள்.

அக்காவுக்கு மட்டும் புரிந்தது. வந்து நாடி பார்த்தாள், குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்தாள், கையைப் பிடித்து மேடையேற்றினாள். "ஃபேன் போடுங்கண்ணே. அப்படியே ஒரு பாட்டும் போடுங்க" என்றாள். சின்ன வயசில் நாங்கள் ஆடித் தேய்த்த அதே சினிமாப் பாட்டு ஓட ஆரம்பித்தது.

அக்கா புடவையைச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் நின்று வலது காலை எடுத்துவைத்தாள். என் கால் என்னைக் கேட்காமலே இடது பக்கம் போனது. இரண்டு பேரும் இடித்துக்கொண்டோம். மறுபடி ஆரம்பித்தோம், மறுபடி இடித்தோம். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்போது அக்கா கூட்டத்துக்கு முதுகைக் காட்டி என் எதிரே வந்து நின்றாள். அதன்பின் ஒரு அடிகூடப் பிசகவில்லை. கைவிரல் மடிப்பு, தோள் குலுக்கல், மூச்சு வாங்க நிற்கும் இடம் வரை எல்லாம் அச்சு அசல். சென்னையில் என் முத்திரை என்று பாராட்டிய அத்தனையும் அந்த நர்ஸின் உடம்பில் இருந்ததை ஹாலே பார்த்தது.

பாட்டு முடிந்ததும் முருகேசன் அண்ணன் மைக்கில், "அச்சா, அப்ப சிஸ்டர் சொன்னதுதான் சச்" என்றார். மேடையில் எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

விழா முடிந்ததும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "என்கிட்ட எதுக்குக் கேக்குற? பேப்பர்ல சொன்னத பேப்பர்லயே சொல்லு" என்றாள். இதழுக்குப் போன் செய்தேன். முதல் குருவுக்கெல்லாம் திருத்தம் போடும் வழக்கம் இல்லை, வேண்டுமானால் கட்டுரையாக எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகிவிட்டது. அதற்குள் வீட்டில் இது பழமொழியாகிவிட்டது. யார் எதைச் சொன்னாலும், "இது பேட்டியா, நிஜமா?" என்றுதான் கேட்பார்கள். சாம்பார் நன்றாக இருக்கிறது என்று சொன்னால்கூட அம்மா விடுவதில்லை.

நேற்று இந்தக் கட்டுரையை அக்காவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். கரும்பு விழுந்த இடத்தில் சிரித்தாள். முடித்துவிட்டு, "பேட்டியா, நிஜமா?" என்று நானே கேட்டேன்.

"நிஜம்தான். ஒரே ஒரு எடம் பேட்டி."

"எது?"

"ஜீப்ல நான் தென்னை மரத்த பாத்துட்டு வந்தேன்னு எழுதியிருக்க."

அந்த வரியைத் தேடி எடுத்தேன்.

"உனக்குத் தெரியும்ல" என்றாள்.

தெரியும். அக்கா அழுதுகொண்டு வந்தாள். சத்தம் வராமலிருக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தியிருந்தாள். டிரைவருக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டு, இந்த ஊரில் கடல் என்ன நிறம் பாருங்கள் என்று முருகேசன் அண்ணனிடம் பேசிக்கொண்டே போனேன்.