மேம்பாலத்தில் பழகியவள் மலை இறங்கிய கதை

மலை இல்லாத ஊரில் பிறந்தவர்கள் மலை சைக்கிள் பந்தயத்தில் கலந்துகொள்ளக் கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் நான் போயிருப்பேன். அந்த வயதில் எனக்குக் கால்களில் இருந்த பலம் மூளைக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

எங்கள் வீடு திருவொற்றியூரில். எங்கள் பகுதியில் தரையைவிட்டு மேலே எழும்பி நிற்பவை நான்கு: புகைபோக்கிகள், அடுக்கி வைத்த கன்டெய்னர்கள், மேம்பாலம், எங்கள் அம்மாவின் குரல். இவற்றில் சைக்கிளில் ஏறக்கூடியது மேம்பாலம் மட்டும்தான் என்பதால் அதில் மலையேற்றம் பழகினேன். ஏறுவேன், இறங்குவேன், திரும்பி வந்து மறுபடி ஏறுவேன். பாலத்தடி டீக்கடைக்காரர் முதலில் நான் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறேன் என்று நினைத்தார். பிறகு ஒருநாள், "இன்னாமா, வேண்டுதலா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் அவர் வேறு யாரையும் என்னைக் கிண்டல் செய்ய விடவில்லை. (சாமி விஷயம் பாருங்கள்.)

கரடுமுரடுக்கு எங்களிடம் பஞ்சமே இல்லை. கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகள் உண்டு. எண்ணூர்ப் பக்கம் கணுக்கால் புதையும் மணல் உண்டு. மணலி சாலையில், வரிசையில் நிற்கும் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே, ஒரு குடும்பமே குடியேறக்கூடிய பள்ளங்கள் உண்டு. எதிர்காற்றை நாங்கள் கேட்காமலேயே கடல் அனுப்பிவிடும். இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: நீளமான இறக்கம். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்து, ஒரு வால்வு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்த நான் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஏறத் தெரிந்தால் இறங்குவதைப் புவியீர்ப்பு விசை பார்த்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டேன். அது பார்த்துக்கொண்டது.

அம்மாவுக்கு சைக்கிளே பிடிக்காது. அந்தச் சாலையில் ஒருநாள் போய் வந்தவர் யாரும் அம்மாவைக் குறை சொல்ல மாட்டார்கள். நான் வீடு திரும்பும்வரை வாசலில் நின்றுகொண்டு, லாரி ஹாரன் கேட்கும்போதெல்லாம் தெருமுனையை எட்டிப் பார்ப்பார். பந்தயம் என்று சொன்னதும் வெடித்தார். ஒரு வாரம் எனக்கும் அவருக்கும் நடந்த போரில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பா நடுநிலை வகித்தார். (நாள் முழுக்க உயரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பவர். கீழே இறங்கினாலும் பேசுவது மறந்துபோயிருக்கும்.) கடைசியில் அம்மா தீர்ப்புச் சொன்னார்.

"ஒரே ஒரு ரேஸு. முழுசா முடிச்சிகினு வந்தியா, உன் இஷ்டத்துக்கு ஓட்டிக்கோ, நான் வாயத் தொறக்கல. பாதில உட்டுட்டு எவன் வண்டிலயாச்சும் ஏறிகினு வந்த, மறுநாளே சைக்கிளு உங்க அத்த பையனுக்கு. சொல்ட்டேன்."

அத்தை பையன் அதற்குள் வீட்டுக்கு வந்து, சைக்கிளின் பின்பக்கத்தை அளந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். கேரியர் வைத்து, அதில் தண்ணீர் கேன் கட்டுவதாகத் திட்டம். மலை ஏறப் பிறந்த ஒரு சைக்கிளுக்கு இதைவிடக் கேவலம் கிடையாது. என் முதல் பந்தயத்தில் நான் மீட்க வேண்டியிருந்தது பதக்கத்தை அல்ல, இந்தச் சைக்கிளைத்தான்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடற்கரையோர வீடுகளில் இரும்பைச் சும்மா விட்டால் உப்புக் காற்றில் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிடும். அதனால் எண்ணெய் போடுவோம். ஜன்னல் கம்பி, கதவுத் தாழ்ப்பாள், பூட்டு, தையல் மிஷின், எல்லாவற்றுக்கும். பழைய பனியன் துணியில் தேங்காய் எண்ணெயைத் தொட்டு அம்மா துடைத்துக்கொண்டே வருவார். எங்கள் வீட்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் எதுவும் எண்ணெய்க்குத் தப்பியதில்லை. அப்பாகூட விடுமுறை நாட்களில் கொஞ்சம் உஷாராகத்தான் இருப்பார்.

பந்தயம் ஆந்திர எல்லையோரம் ஒரு குன்றில். சித்தப்பா தன்னுடைய குட்டியானை வண்டியைக் கொண்டுவந்தார். சாதாரண நாட்களில் சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையிலிருந்து கம்பி ஏற்றும் சின்ன லாரி. அதன் பின்னால் என் சைக்கிளைப் படுக்க வைத்து, கோணி சுற்றி, கட்டுமானக் கம்பியைக் கட்டுவதுபோலக் கட்டினார். அம்மா, அப்பா, நான் மூவரும் முன்னால் அவரோடு நெருக்கியடித்து உட்கார்ந்தோம். மைதானத்தில் மற்றவர்களின் சைக்கிள்கள் கார் கூரைகளில் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தன. என்னுடையது கோணிக்குள்ளிருந்து கடத்தல் பொருள்போல வெளியே வந்தது.

பக்கத்தில் ஒரு பெண், முழங்கால் உறையைச் சரிசெய்துகொண்டே கேட்டாள். "எங்க ட்ரெயின் பண்றீங்க?"

"திருவொற்றியூர்."

"திருவொற்றியூர்லயா? அங்க என்ன மலை இருக்கு?"

"மேம்பாலம் இருக்கு."

அவள் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இன்றைக்கு உன்னைத் தாண்டாமல் விடுவதில்லை என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

சைக்கிளை அக்குவேறு ஆணிவேறாகச் சோதித்து முடித்துவிட்டு, பந்தய எண் வாங்கப் போனேன். வரிசை நீளம். திரும்பி வந்தபோது கைப்பிடியில் ஒரு முழம் மல்லிகைப்பூவும், நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் குங்குமமும் இருந்தன. வண்டி மொத்தமும் பளபளவென்று இருந்தது. அம்மா முகத்தில் ஒரு திருப்தி. வேண்டாம் என்று சண்டை போட்டவரே துடைத்து வைத்திருக்கிறாரே என்று கட்டிப்பிடித்துக்கொண்டேன். எதைக்கொண்டு துடைத்தார் என்று கேட்கவில்லை. பரிசோதனைப் பிரிவில் சம்பளம் வாங்குபவள் நான்.

தொடக்கக் கோட்டில் ஓர் அதிகாரி எல்லோருடைய பிரேக் பிடியையும் அழுத்திப் பார்த்தார். என்னுடையது கல்மாதிரி இறுகி நின்றது. "சூப்பர்மா" என்றார்.

விசில் அடித்ததும் ஏற்றம் தொடங்கியது. நான் அன்று ஏறிய மாதிரி பிறகு எந்த நாளும் ஏறியதில்லை. கடல்காற்றை எதிர்த்து மிதித்த கால்களுக்குக் குன்று ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. ஒவ்வொருத்தராகப் பின்னால் போனார்கள். முழங்கால் உறைக்காரியைத் தாண்டும்போது, "மேம்பாலம்!" என்று கத்தினேன். (தேவையா? தேவைதான்.) உச்சியில் எனக்கு முன்னால் இரண்டே பேர். அடிவாரத்தில் எறும்பு அளவுக்குத் தெரிந்த குட்டியானையைப் பார்த்துக் கையாட்டினேன். பிறகு இறங்கினேன்.

முதல் வளைவில் பிரேக்கை அழுத்தினேன். சைக்கிள் நிற்கவில்லை, கத்தியது. துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல் சங்கு ஊதினால் எப்படி இருக்கும், அப்படி. இன்னும் அழுத்தினேன். இன்னும் சத்தமாகக் கத்திக்கொண்டு இன்னும் வேகமாகப் போனது. அப்போதுதான் அந்த வாசனை வந்தது. மலைக்காட்டு நடுவில், யாரோ அப்பளம் பொரிக்கும் வாசனை.

இந்த வகை சைக்கிளில் சக்கரத்தின் நடுவே மெல்லிய இரும்புத் தட்டு ஒன்று சுற்றும். பிரேக் போட்டால் இரண்டு கட்டைகள் அதைக் கவ்விப் பிடிக்கும். உலகத்தில் எண்ணெய் படக்கூடாத இரும்பு ஒன்று உண்டென்றால் அது அந்தத் தட்டுதான். என் வண்டியில் மற்ற எல்லாமும் கறுப்பு நிறம். அந்த இரண்டு தட்டுகள் மட்டும் வெள்ளையாக, துரு பிடிக்க நேரம் பார்த்துக்கொண்டிருப்பவைபோல அம்மாவின் கண்ணில் பட்டிருக்கின்றன. அவற்றுக்கு மட்டும் இரண்டு தடவை போட்டிருக்கிறார்.

இத்தனையும் புரிந்தபோது நான் ஏற்கனவே உண்ணிச்செடிப் புதருக்குள் இருந்தேன். எனக்கு மேலே சைக்கிள். அதற்கு மேலே வானம். பக்கத்தில் ஓர் ஆடு, மெல்லுவதை நிறுத்தாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் தாண்டி வந்த ஒவ்வொருத்தரும் திரும்ப என்னைத் தாண்டிப் போனார்கள். முழங்கால் உறைக்காரி மட்டும் வேகத்தைக் குறைத்து, "ஆர் யூ ஓகே?" என்று கேட்டாள். நல்ல பெண்தான். கையைத் தூக்கிக் காட்டினேன். கையெல்லாம் முள்.

எல்லோரும் போன பிறகு, கடைசியாக வருபவர்களை அள்ளிக்கொண்டு போகும் அண்ணன் பைக்கில் வந்து நின்றார்.

"சிஸ்டர், பிரேக் போயிடுச்சா? விட்டுடுங்க. கீழ ஜீப் நிக்குது, ஏறிக்கங்க."

"மாட்டேன்."

"பிரேக் இல்லாம எப்படிப் போவீங்க?"

"போவேன்."

"சிஸ்டர், நான் சாப்பாட்டுக்குப் போகணும்."

"நீங்க போங்கண்ணா. நான் வந்துக்குறேன்."

அவர் போக முடியாது. கடைசி ஆளுக்குப் பின்னால்தான் வர வேண்டும் என்பது விதி. எனவே பைக்கை முதல் கியரில் உருட்டிக்கொண்டு, பெருமூச்சு விட்டுக்கொண்டே வந்தார். நான் செங்குத்தான இடங்களில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மற்ற இடங்களில், எங்கள் தெருவில் பிரேக் இல்லாத வாடகை சைக்கிளை நிறுத்துவோமே, அதேபோல ஷூவை டயரில் வைத்து அழுத்தினேன். ரப்பர் எரிந்தது, எண்ணெய் வறுபட்டது, பிரேக் சங்கு ஊதியது. அந்தக் குன்றில் அன்று பறவைகள் இருந்திருந்தால் அதற்குப் பிறகு இருந்திருக்காது. பாதி வழியில் வலது ஷூவின் அடிப்பாகம் கழன்று போனது. இடது காலுக்கு மாறினேன். ஒவ்வொரு வளைவிலும் பின்னால் இருந்து, "ஏறிக்கங்க சிஸ்டர்" என்று குரல் வரும். எனக்குக் கேரியரும் தண்ணீர் கேனும் கண்முன்னால் வரும். மறுபடி டயரில் காலை வைப்பேன்.

இதே நேரத்தில் கீழே நடந்ததைச் சித்தப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பரிசு கொடுத்து முடித்து, கூட்டம் கலைந்துவிட்டது. முடிவுக் கோட்டில் காற்றடித்த பெரிய வளைவு ஒன்று நின்றது. அமைப்பாளர் ஆட்கள் அதைக் கழற்ற வந்தார்கள். அம்மா நடுவில் போய் நின்றுவிட்டார்.

"எம் பொண்ணு இன்னும் வர்ல."

"மேடம், அவங்க ஜீப்ல வந்துடுவாங்க."

"ஜீப்புல வர்றதுக்கா நான் அவள பெத்தேன்? நடந்தாச்சும் வருவா. கயட்டாத, சொல்ட்டேன்."

"ஜெனரேட்டரை எடுத்துட்டுப் போகணும் மேடம்."

"எட்த்துக்கோ. இத வுட்டுட்டுப் போ."

ஜெனரேட்டர் நின்றதும் வளைவு பெருமூச்சு விட்டுச் சரிய ஆரம்பித்திருக்கிறது. அதுவரை நடுநிலை வகித்த அப்பா எழுந்து போய், குட்டியானையிலிருந்து ஒரு நீளக் கம்பியை உருவி, ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார். மறுபக்கம் சித்தப்பா இன்னொரு கம்பியுடன். நடுவில் அம்மா, போலீஸ்காரர் மாதிரி கையை நீட்டிக்கொண்டு.

கடைசி மேட்டிலிருந்து நான் பார்த்தது இந்தக் காட்சியைத்தான். ஒரு தொய்ந்துபோன வளைவு, அதைத் தூக்கிப் பிடித்திருக்கும் என் குடும்பம். சைக்கிள் வேண்டாம் என்று ஒரு வாரம் போர் செய்தவர் அதன் கீழே காவல் நிற்கிறார். அழுகை வந்தது. கண் மறைத்தது. வேகம் கூடியது. இரண்டு ஷூவிலும் அடிப்பாகம் இல்லை.

"ஒத்துங்க! ஒத்துங்க! எம் பொண்ணு வருது!" என்று அம்மா இல்லாத கூட்டத்தை விலக்கினார்.

"பிரேக் இல்லம்மா! நீ ஒத்தும்மா!" என்று நான் கத்தினேன்.

அம்மா ஒதுங்கினார். அப்பா கம்பியைப் போட்டுவிட்டு ஒதுங்கினார். வளைவு ஒதுங்கவில்லை. அதைப் போர்வைபோலப் போர்த்திக்கொண்டு நான் கோட்டைத் தாண்டி, நேராகக் குட்டியானையின் பின்பக்கம் போய் முட்டி நின்றேன்.

துணிக்குள்ளிருந்து என்னை உரித்து எடுத்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எவன் வண்டிலயும் ஏறலியே?"

"இல்ல."

அம்மா அதிகாரியிடம் திரும்பினார். "எய்திக்கோ."

"மேடம், கடைசி இடம்தான்…"

"கடசியோ மொதலோ, முழுசா வந்துச்சா இல்லியா? எய்து."

எழுதினார். சாப்பாட்டு அண்ணன் மட்டும் கை தட்டினார். அவருக்கும் அதோடு வேலை முடிந்ததே.

வீடு திரும்பும் வழியில், மீஞ்சூர் தாண்டும்வரை அம்மாவுக்கு உராய்வு விசை பற்றிப் பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எண்ண போட்டதாலதான அவ்ளோ ஸ்பீடா எறங்குன?" என்றார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அத்தை பையன் வேறு சைக்கிள் பார்த்துக்கொண்டான். அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதற்குப் பிறகு நான் பல பந்தயங்களில் ஓட்டிவிட்டேன். ஒன்றில் முழங்கால் உறைக்காரிக்கு அடுத்த படியில் நின்று பதக்கம்கூட வாங்கினேன். அதை வீட்டில் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் காலையில் வேலைக்கு நேரமாகி நான் அறையிலிருந்து ஓடிவந்தால், சித்தப்பா "எம் பொண்ணு வருது!" என்று கத்துவார். மொத்த வீடும் சுவரோடு ஒட்டி நின்று வழிவிடும்.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பையனின் அம்மா பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப மென்மையாகக் கேட்டார். "கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு இந்த சைக்கிள் ரேஸெல்லாம் நிறுத்திடுவா இல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் அம்மா முந்திக்கொண்டார்.

"அவளுக்கு நிறுத்த வராதுங்க. நீங்கதான் கொஞ்சம் ஒதுங்கி நிக்கணும்."