அரிசி இழுத்த செம்பு

திருக்காட்டுப்பள்ளியில் இரண்டு நாளாக எந்த வீட்டிலும் தண்ணீர் மொள்ளச் செம்பு கிடையாது. குடம் கிடையாது, குத்துவிளக்கு கிடையாது, வெந்நீர் அண்டா கிடையாது. எல்லாம் கடைத்தெருக் கல்யாண மண்டபத்து வாசலில் சொந்தக்காரர்களோடு வரிசையில் நின்றன. ஊரே பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டு, கோடீஸ்வரன் ஆகக் காத்திருந்தது.

மண்டபத்துக்குள் 'பானை சொல்லும் விலை' படப்பிடிப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு ஊர் மொத்தமும் பார்க்கிற கேபிள் டிவி நிகழ்ச்சி. வீட்டிலிருக்கும் பழைய பாத்திரத்தைக் கொண்டுபோனால், மரபு வல்லுநர் அரவிந்தன் சோதித்துப் பார்ப்பார். வாங்க வந்தவர்கள் ஏலம் கேட்பார்கள். ஏழை அழுவார், பாட்டு போடுவார்கள். ஆரம்பத்திலேயே 'இது நாடகமல்ல, நிஜம்' என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி வரும். நிஜம் என்று எழுதி ஒட்டினால்தான் தெரியும் அளவுக்கு அது நிஜம்.

அரவிந்தன் சொன்ன விஷயம் இதுதான். இடி விழுந்த செம்புக்கு ஒரு தனிச் சக்தி வந்துவிடும். அது பக்கத்தில் கிடக்கும் அரிசியைத் தன்னை நோக்கி இழுக்கும். அப்படிப்பட்ட செம்பை ராக்கெட் விடுகிறவர்கள் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்குவார்கள். ராக்கெட்டுக்கு அரிசி எதற்கு, அங்கே யார் பொங்கப் போகிறார்கள் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. அவரவர் குடத்தின் மேல் எந்த வருஷம் இடி விழுந்தது என்று யோசிப்பதிலேயே அவர்களுக்கு நேரம் போதவில்லை. வரிசையில் நின்றவர்கள் சொன்ன இடியெல்லாம் உண்மையாகவே விழுந்திருந்தால், திருக்காட்டுப்பள்ளி இருந்த இடத்தில் இன்றைக்கு ஒரு ஏரிதான் இருந்திருக்கும்.

நுழைவுக் கட்டணம் ஐநூறு ரூபாய். அதைக் கட்டிவிட்டு முதல் நாளே உள்ளே போனவர் லூர்துராஜ். ஒரு ஏக்கர் நிலம், இரண்டு மாடு, வாட்ஸாப்பில் வந்த எதையும் பத்துப் பேருக்கு அனுப்பாமல் இருக்க முடியாத மனசு, இவ்வளவுதான் அவருடைய சொத்து. குடும்பத்தை நடத்தியது அவர் மனைவி அருள்மேரியின் மாவு மில். சங்கிலியை விற்று அவள் வாங்கிப் போட்ட மெஷின் அது. பதினொரு வருஷமாக ஓடுகிறது. இரண்டு பெண்களை நர்சிங் படிக்க வைத்ததும் அதுதான். ரசீது மட்டும் லூர்துராஜ் பெயரில் இருந்தது. அன்றைக்குக் கடைக்குப் போனவர் அவர், அதனால்.

லூர்துராஜ் கொண்டுபோனது மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற செம்பு. ஒரு பக்கம் நன்றாக நசுங்கியிருக்கும்.

"எண்பத்தேழுல இடி விழுந்து நசுங்குனதுங்க" என்றார் அரவிந்தனிடம்.

அந்தச் செம்பை மாடு மிதித்தது போன தை மாதம். ஆனால் லூர்துராஜ் பொய் சொல்லவில்லை. வரிசையில் நின்ற நாலு மணி நேரத்தில் அவரே அதை நம்பிவிட்டார்.

அரவிந்தன் பட்டுச் சட்டை, வெள்ளைக் கையுறை, கையில் பூதக்கண்ணாடி. செம்பைப் பார்த்தார். மூச்சை இழுத்தார். "ஐயா, இதை வெளியில யாருக்கும் காட்டாதீங்க" என்று காதோடு சொன்னார், மூன்று கேமராவுக்கும் கேட்கிற மாதிரி.

சிவப்புப் பட்டு விரித்த மேசை ஒன்று இருந்தது. அதற்கு ஆய்வுப் பீடம் என்று பெயர். அதன் நடுவில் செம்பை வைத்தார்கள். வெள்ளிக் கிண்ணத்திலிருந்து அரிசி எடுத்துச் செம்பைச் சுற்றி அரவிந்தனே தூவினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வலது காலை மேசைக்கு அடியிலிருந்த ஒரு பலகையின் மேல் வைத்தார். மண்டபத்து விளக்கெல்லாம் லேசாக மங்கியது. அரிசி அசைந்தது. ஒவ்வொன்றாக நகர்ந்துபோய்ச் செம்பின் அடியை மொய்த்தது.

விளக்கு மங்கியதை லூர்துராஜ் கவனிக்காமல் இல்லை. "பாத்தியா, கரண்டையே இழுக்குது நம்ம செம்பு!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"கட்! ஐயா, ஆச்சரியம் பத்தல. இன்னொரு தடவை படுங்க" என்றார் டைரக்டர்.

லூர்துராஜ் மறுபடி ஆச்சரியப்பட்டார். வாய் கோணலாகப் போனது என்றார்கள். மறுபடி. அழ வேண்டிய இடத்தில் அழுகை வராததால் கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். 'எதிர்பாராத அதிர்ச்சி' ஆறாவது தடவைதான் சரியாக வந்தது.

பிறகு ஏலம். கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக 'துபாய் தொழிலதிபர்' ஒருவர் கை தூக்கினார். "எண்பது லட்சம்!"

"கட்! கொஞ்சம் ஏத்துங்கப்பா, இது கிளைமாக்ஸ்."

"ரெண்டு கோடி!"

காலையில் லூர்துராஜுக்கு டீ கொண்டுவந்து கொடுத்து, "சர்க்கரை போடவாண்ணே?" என்று கேட்டவரும் இதே தொழிலதிபர்தான். எவ்வளவு பணம், எவ்வளவு அடக்கம் என்று லூர்துராஜ் உருகிப்போனார்.

கேமராவை அணைத்ததும் அரவிந்தன் அவர் தோளில் கை போட்டார். "ஐயா, ரெண்டு கோடி உங்களது. ஆனா ஆய்வகச் சான்றிதழ் இல்லாம செக் கைமாறக் கூடாது, அது சட்டம். எண்பத்தஞ்சாயிரம் கட்டிடுங்க. நாளைக்கு மத்தியானம் எல்லார் முன்னாலயும் செக்கைக் கையில குடுத்துடறோம்."

இரண்டு கோடி கொடுக்கிறவன் அதிலேயே எண்பத்தைந்தாயிரத்தைக் கழித்துக்கொள்ளலாமே என்று உங்களுக்குத் தோன்றுகிறது. உங்கள் மூக்குக்கு எதிரில் யாரும் இரண்டு கோடியை ஆட்டவில்லை, அதனால் தோன்றுகிறது.

லூர்துராஜ் நேராகக் கீழத்தெரு மதிவாணன் வீட்டுக்குப் போனார். மதிவாணன் ரொம்ப நாளாக மாவு மெஷினை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தவர். நாளை மத்தியானம் குட்டியானை வண்டியோடு வருவது, எண்பத்தைந்தாயிரத்தை மண்டபத்திலேயே கொடுப்பது, அப்படியே போய் மெஷினைக் கழற்றிக்கொள்வது என்று பேசி முடித்தார்கள்.

சாயங்காலம் மில்லுக்குள் வந்து நின்றார். "மேரி, நாளையிலேர்ந்து நீ மாவு அரைக்க வேணாம்."

"ஏங்க, ஊர்ல எல்லாரும் இட்லி திங்கறத விட்டுட்டாங்களா?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். செம்பு, அரிசி, துபாய், இரண்டு கோடி. கடைசியாக, குரலைத் தணித்துக்கொண்டு, மெஷின்.

அருள்மேரி மெஷினை நிறுத்தினாள். மாவு படிந்த முகத்தில் கண் மட்டும் தெரிந்தது. "என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள். கோபத்தைவிட வலிதான் அதில் அதிகம்.

"கேட்டா நீ வேணாம்ப. அதான் கேக்கல" என்றார் லூர்துராஜ், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் புத்திசாலியாக. சமாதானத்துக்கு மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து நீட்டினார். "சக்தி அரிசி. செம்பு இழுத்ததுல ஒரு பிடி குடுத்தாங்க. மாதா படத்துக்கு முன்னால வை. பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேணாம்."

"அரிசின்னா அரைக்கத்தான்" என்று முடிச்சை வெடுக்கென்று பிடுங்கினாள். மெஷினைப் போட்டு, அத்தனையையும் மேல்தொட்டியில் கொட்டினாள்.

ஒரு அரிசி கூடக் கீழே இறங்கவில்லை.

இருவரும் எட்டிப் பார்த்தார்கள். தொட்டியின் வாயில் ஒரு காந்தம் உண்டு. அரிசியோடு ஆணி, கம்பித் துண்டு ஏதாவது வந்தால் கல்லை உடைத்துவிடும் என்று எல்லா மில்லிலும் பொருத்துகிற சாதாரணக் காந்தம். சக்தி அரிசி முழுவதும் அதன் மேல் எறும்பு மாதிரி மொய்த்துக்கொண்டிருந்தது.

"சேசுவே!" என்று லூர்துராஜ் மில் தரையில் முழங்கால் போட்டார். "நம்ம மில்லுக்கும் சக்தி வந்துடுச்சுடி!"

அருள்மேரி மெஷினை நிறுத்தினாள். ஒரு அரிசியைப் பிய்த்து விரலிடையில் தேய்த்தாள். விரல் கறுத்தது. பொன்னியா, ஐ.ஆர். இருபதா, புதுசா, பழசா என்று ஒரு தேய்ப்பில் சொல்லிவிடுகிற கை அது. இரும்புத் தூள் பூசிய அரிசியை அது இதுவரை தொட்டதில்லை, அவ்வளவுதான். அப்போதே சொல்லியிருப்பாள். ஆனால் முழங்காலில் இருக்கிற மனிதரிடம் என்ன பேசுவது? திருப்புளியை எடுத்துக் காந்தத்தைக் கழற்றித் துண்டில் சுற்றினாள்.

"நாளைக்கு நானும் வர்றேன்" என்றாள்.

செக் வாங்கும்போது பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளத்தான் வருகிறாள் என்று நினைத்து, "அந்த மயில்கழுத்துப் புடவையக் கட்டிக்க" என்றார் லூர்துராஜ்.

மறுநாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. வாசலில் குட்டியானை நின்றது, உள்ளே பணப் பையோடு மதிவாணன். கதவு அகலத்துக்கு அட்டையில் செய்த செக் ஒன்றை துபாய் தொழிலதிபரும் இன்னொரு ஆளும் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அதை எந்த பேங்க் கவுண்டர் வழியாக உள்ளே நுழைப்பது என்ற கவலை லூர்துராஜுக்கு லேசாக வந்துபோனது.

மதிவாணன் பையைப் பிரிக்கும்போது அருள்மேரி மேசைக்கு முன்னால் வந்தாள்.

"சார், ஒரே ஒரு தடவை. அதே செம்பு, அதே மேசை. அரிசி மட்டும் என்னுது." முந்தானையில் முடிந்து வந்த இட்லி அரிசியைக் காட்டினாள்.

அரவிந்தன் சிரித்தார். "அம்மா, கண்ட அரிசியெல்லாம் பீடத்துல போடக் கூடாது. தரம் வேணும். எங்களுது ஆய்வகத்துலேர்ந்து வந்த அரிசி."

அரவிந்தனின் தொழில் வாழ்க்கையில் பெரிய தப்பு அந்த இடத்தில்தான் நடந்தது. டெல்டாக்காரன் ஏமாறுவான், ஐநூறு ரூபாய் கட்டிவிட்டு வெயிலில் நிற்பான், ஆறு தடவை ஆச்சரியப்படவும் செய்வான். அவன் அரிசியைத் தரமில்லை என்று சொன்னால் மட்டும் பொறுக்க மாட்டான்.

"என்ன சொன்னீங்க?" வெந்நீர் அண்டாவோடு முன்வரிசையில் இருந்த டீக்கடை ஷேக் பரீத் எழுந்தார். "தஞ்சாவூர் ஜில்லாவுல நின்னுக்கிட்டு எங்க அரிசி கண்ட அரிசியா?"

"போடுய்யா எங்க அரிசிய!" என்று பின்னாலிருந்து நாற்பது குரல் எழும்பியது.

அருள்மேரி தன் அரிசியைச் செம்பைச் சுற்றித் தூவினாள். அரவிந்தன் கண்ணை மூடினார். பலகையை மிதித்தார். விளக்கு மங்கியது. இட்லி அரிசி படுத்த இடத்திலேயே கிடந்தது. இன்னும் அழுத்தி மிதித்தார். ஒரு அரிசி புரளக்கூட இல்லை.

"அப்போ உங்க அரிசியப் பாப்போம்" என்று அருள்மேரி வெள்ளிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, துண்டைப் பிரித்துக் காந்தத்தை அதன் மேல் பிடித்தாள். கிண்ணத்து அரிசி குபீரென்று எழும்பி, காந்தத்துக்கு மீசை தாடி முளைத்த மாதிரி ஒட்டிக்கொண்டது.

"என் மில்லுல ஆணி பொறுக்குற காந்தம். கும்பகோணத்துல நூத்தி எம்பது ரூபாய்க்கு வாங்குனேன். செம்பு ரெண்டு கோடின்னா இதுக்கு எவ்வளவு தருவீங்க? ஏலம் கேளுங்க, துபாய்க்காரரே."

ஷேக் பரீத்துக்கு அதற்குள் பலகையின் ரகசியம் பிடிபட்டுவிட்டது. செம்பை எடுத்துவிட்டுத் தன் ரப்பர் செருப்பைக் கழற்றிப் பீடத்தின் நடுவில் வைத்தார். காந்தத்திலிருந்து அரிசியை வழித்துச் சுற்றிலும் போட்டு, பலகையைத் தானே ஒரு மிதி மிதித்தார். சக்தி அரிசி பயபக்தியோடு ஊர்ந்துபோய்ச் செருப்பின் காலடியில் விழுந்தது.

"என் செருப்பு மேலயும் இடி விழுந்துருக்குய்யா!"

சிரிப்பில் மண்டபக் கூரை அதிர்ந்தது. பட்டுத் துணியை இழுத்துப் பார்த்தால், மேசைக்குள் குடத்தளவு மின்காந்தம், பலகையில் சுவிட்ச், ஜெனரேட்டருக்குப் போகும் ஒயர். துபாய் தொழிலதிபர் கோட்டைக் கழற்றி அருள்மேரியிடம் நீட்டினார். "அக்கா, எனக்கு அம்மாபேட்டை. நாள் சம்பளம் எண்ணூறு. டீ குடுக்கறதும் ரெண்டு கோடி கேக்கறதும் ஒரே சம்பளந்தான்."

அரவிந்தன் பின்கதவு வழியாகப் போகப் பார்த்தார். அங்கே குத்துவிளக்கோடு இருபது பெண்கள் நின்றார்கள். போலீஸ் வரும்வரை அவர்களோடு அவர் பேசிக்கொண்டிருந்ததை ஒரு கேமரா நிறுத்தாமல் எடுத்தது. 'பானை சொல்லும் விலை' எடுத்ததிலேயே ரீடேக் இல்லாத காட்சி அது ஒன்றுதான். மதிவாணன் பையை மூடிக்கொண்டு குட்டியானையைத் திருப்பினார். அதைப் பார்த்தபோதுதான் அருள்மேரி பொலபொலவென்று அழுதாள். கண்ணில் யாரும் மருந்து விடவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள் திகைத்துப்போனாள். எதிரில் ஒரு புது வரிசை நின்றது. குடம், செம்பு, அண்டா, அத்தனையும்.

"மேரி அக்கா, அந்தக் காந்தத்துல என்னமோ இருக்கு. எங்க குடத்துல ஒரு தடவை தொட்டுக் குடுங்களேன்" என்றாள் முதலில் நின்றவள்.

அருள்மேரி காந்தத்தைத் துண்டில் சுற்றினாள். "இதுல ஒண்ணும் இல்ல. அரிசியோட அரிசியா வர்ற ஆணியப் பிடிச்சு நிறுத்தும், அவ்வளவுதான். அந்த வேலைக்கு உங்க ஒவ்வொருத்தருக்கும் கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கு. அதையும் பழைய சாமான்னு எங்கயாச்சும் வித்துட்டீங்களா?"

வரிசையில் நான்காவதாக, நசுங்கிய செம்போடு நின்ற லூர்துராஜ், மெல்லக் கையைத் தூக்கித் தலை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.