புல்வெட்டும் வண்டியும் கையேட்டைப் படித்த கழுதையும்

ஒரு காட்டில் புல் நிறைய இருந்தது. அதைத் தின்ன மானும் முயலும் எருமையும் அதைவிட நிறைய இருந்தன. அதனால் அந்தக் காட்டு ராஜாவான சிங்கம் புல்வெட்டும் வண்டி ஒன்றை வாங்கியது.

தள்ளிக்கொண்டு போகிற சாதாரண வண்டி அல்ல. சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங் பிடித்து ஓட்டுகிற வண்டி. அதன் வயிற்றுக்கு அடியில் இரண்டு பிளேடுகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழலும். வெட்டிய புல் பக்கவாட்டுக் குழாய் வழியாகப் பீய்ச்சியடிக்கும்.

"அப்ப நாங்க எதைத் தின்றது?" என்று ஓர் எருமை கேட்டது. அது வளர்ச்சிக்கு எதிரி என்று அறிவிக்கப்பட்டது. பிறகு யாரும் கேட்கவில்லை.

ஓட்டுநர் வேலைக்கு இரண்டு விண்ணப்பங்கள் வந்தன. ஒன்று மருதையன் என்ற கழுதையுடையது. அதற்கு வண்டி ஓட்டிய அனுபவம் இருந்தது. இன்னொன்று சிங்காரம் என்ற குரங்கினுடையது. அது தினமும் சிங்கத்தின் பிடரியில் பேன் பார்த்து வந்தது. குரங்குக்கு ஓட்டுநர் வேலை கிடைத்தது. கழுதைக்கு உதவியாளர் வேலை. வண்டி வருவதற்கு முன்னால் தரையில் கிடக்கும் கல்லைப் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

தர்மலிங்கம் என்ற நரி பாதுகாப்பு அதிகாரியாக இருந்தது. அது ஒரு மணி நேரம் பயிற்சி வகுப்பு நடத்தியது. அதில் முக்கால் மணி நேரம் டீயும் பஜ்ஜியும். மீதி நேரத்தில் ஆளுக்கொரு கையேடு கொடுத்து, 'படித்தேன், புரிந்துகொண்டேன்' என்ற படிவத்தில் கையெழுத்து வாங்கியது. குரங்கு பஜ்ஜி எண்ணெயோடு கைநாட்டு வைத்தது. கழுதை மட்டும், "படிச்சுட்டுப் போடறேனுங்க" என்றது.

"படிக்கணுமா? எதுக்குய்யா?" என்று நரி நிஜமாகவே ஆச்சரியப்பட்டது.

கழுதை மூன்று நாள் உட்கார்ந்து நாற்பத்தெட்டு பக்கமும் படித்தது. பிறகு கையெழுத்துப் போட்டது.

வேலை தொடங்கிய முதல் நாளே சிக்கல். குரங்கு சீட்டில் ஏறி உட்கார்ந்தது. எஞ்சின் கிளம்பவில்லை. சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச். ஆள் உட்கார்ந்தால்தான் வண்டி ஓடும், எழுந்தால் எஞ்சினும் பிளேடும் நின்றுவிடும். குரங்கின் எடை எட்டு கிலோ. ஆள் உட்கார்ந்திருப்பதாகவே வண்டி ஒத்துக்கொள்ளவில்லை. குரங்கு ஒரு கம்பியை எடுத்து சுவிட்சை அமுக்கிக் கட்டியது. வண்டி கிளம்பிவிட்டது.

கழுதை நரியிடம் ஓடியது. "ஐயா, சுவிட்சைக் கட்டிட்டாங்க. இனிமே ஆள் எறங்கினாலும் பிளேடு நிக்காதுங்க."

"வண்டி ஓடுதா?"

"ஓடுதுங்க."

"அப்புறம் என்னய்யா உனக்கு?"

ஒரு நாள் சிங்கத்துக்குப் பிறந்தநாள். முந்தின இரவு நல்ல மழை. விருந்தாளிகள் வருவதற்குள் மேட்டுப் புல்லை வெட்டியாக வேண்டும் என்று உத்தரவு.

"ஈரப் புல்லு, சரிவு வேற. சக்கரம் வழுக்கும் சிங்காரம். காயட்டும்" என்றது கழுதை.

"நீ கல்லைப் பொறுக்கு" என்றது குரங்கு.

பாதி மேடு போவதற்குள் ஈரப் புல் குழாயில் அடைத்துக்கொண்டது. குரங்கு எஞ்சினை நிறுத்தாமல் கீழே குதித்தது, கையால் அடைப்பை எடுக்கலாம் என்று. கை போவதற்குள் வால் போனது. குரங்கு அலறிக்கொண்டு மரத்தில் ஏறியது. வண்டி ஆளில்லாமல் சரிவில் இறங்கத் தொடங்கியது.

கீழே ஏழு முயல்கள் திருட்டுத்தனமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தன. சற்றுத் தள்ளி, பிடரியைப் புல்லில் பரப்பிக்கொண்டு சிங்கம் தூங்கியது.

கழுதை நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. "ஓடுங்க! ஓடுங்க!" என்று கத்தியது. முயல்கள் சிதறின. கழுதை பின்பக்கமாக வந்து வண்டியின் சீட்டில் தாவியது. முதலில் பிளேடை அணைத்தது, அடுத்து பிரேக்கை மிதித்தது. இருபத்திரண்டாம் பக்கத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

சிங்கத்தின் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் வண்டி நின்றது. உயிர் தப்பியது. பிளேடு சுழன்று அடங்குவதற்குள் மாட்டிக்கொண்ட இடப்பக்கப் பிடரி தப்பவில்லை. புல்தரை போலவே மூன்று அங்குல உயரத்துக்கு, ஒரே சீராக வெட்டுப்பட்டிருந்தது. பிறந்தநாளுக்கு வந்த விருந்தாளிகள் எல்லோரும் சிங்கத்தின் வலப்பக்கமாக நின்றே வாழ்த்தினார்கள்.

மறுநாள் விசாரணை. சிங்கமே நீதிபதி.

"கையேட்டைப் படிச்சியா?" என்று குரங்கிடம் கேட்டது.

"இல்லீங்க மகாராஜா. கைநாட்டுதான் வச்சேன்."

"நீ படிச்சியா?" என்று நரியிடம் கேட்டது.

"எனக்கு எங்க நேரம் மகாராஜா? குடுக்கிறதும் கையெழுத்து வாங்குறதும்தான் என் வேலை."

"ம். நானும் படிக்கல" என்றது சிங்கம். "படிக்காதவங்களுக்கு ஆபத்துன்னு எப்படித் தெரியும்? பாவம். மருதையா, நீ?"

"படிச்சேனுங்க. நாப்பத்தெட்டு பக்கமும்."

சபையில் சலசலப்பு. "எல்லாம் தெரிஞ்சிருந்தும் நடக்க விட்டிருக்கான் பாருங்க!" என்றது நரி.

"நான்தான் சொன்னேனே ஐயா! உங்ககிட்டயே வந்து சொன்னேனே!"

"பாத்தீங்களா மகாராஜா, முன்னாடியே தெரியும்னு அவனே ஒத்துக்கிறான்."

முயல்கள் சாட்சி சொல்ல வரவில்லை. வந்தால், அங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்பார்களே.

கழுதையை வேலையிலிருந்து நீக்கினார்கள். குரங்கு, விபத்தில் நேரடி அனுபவம் உள்ளது என்பதால், பயிற்சியாளராகப் பதவி உயர்வு பெற்றது. அந்த ஆண்டில் மொத்தமே ஒரு வால்தான் சேதம் என்று கணக்குக் காட்டிய நரிக்குப் பாதுகாப்பு விருது கிடைத்தது. புதிய ஓட்டுநர் வேலைக்கு, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று விளம்பரம் வந்தது.

போகும்போது கழுதை ஒரே ஒரு உதவி கேட்டது. "வேற காட்டுல வேலை தேடணும். ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் குடுங்க ஐயா."

நரி மறுக்கவில்லை. முத்திரை குத்தி எழுதிக் கொடுத்தது: 'இவருக்குப் படிக்கும் பழக்கம் உண்டு. வேலைக்கு எடுப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்கவும்.'

நீதி: கையேட்டைப் படிக்காதவனுக்கு வால் மட்டும்தான் போகும், படித்தவனுக்கு வேலையே போய்விடும்.