புன்னகை காணாமற்போனது தொடர்பாக

எங்கள் அருங்காட்சியகத்தில் எந்தப் பொருளையும் மேலதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் சுத்தம் செய்யக் கூடாது. அனுமதி கேட்பவர், அந்தப் பொருள் இத்தனை காலம் அழுக்காக இருந்ததற்கு யார் பொறுப்பு என்ற விளக்கத்தையும் சேர்த்துத் தர வேண்டும். ஆகையால் எங்களிடம் அழுக்கான பொருள் எதுவும் கிடையாது. தொன்மையான பொருள்கள்தாம் உண்டு.

அவற்றில் முதன்மையானது சுடுமண்ணால் ஆன ஒரு புத்தர் தலை. கழுத்துக்குக் கீழே எதுவும் கிடைக்கவில்லை. மூக்கு நுனி கொஞ்சம் உதிர்ந்திருக்கும். தலையில் இருக்கும் சுருள்முடி ஒவ்வொன்றையும் தனியாகக் களிமண்ணில் உருட்டி ஒட்டியிருப்பார்கள். சூளையில் வெடித்துவிடாமல் இருக்க உள்ளே கூடாக விட்டு, பின்னால் காற்றுப் போக ஒரு துளை வைத்திருப்பார்கள். இவை எதற்காகவும் அது புகழ் பெறவில்லை. அதன் புன்னகைக்காகப் புகழ் பெற்றது. புன்னகை என்னால் புகழ் பெற்றது.

நான் இங்கே விளக்க அதிகாரி. சிலைக்குக் கீழே உள்ள பலகையில் என்ன எழுத வேண்டும் என்று முடிவு செய்கிறவன். சிலையைச் செய்தவர் மண்ணை மட்டும் பிசைந்தார். தத்துவத்தைப் பிசைகிற வேலை எனக்கு விடப்பட்டிருந்தது.

அந்தப் புன்னகையில் இடது கடைவாய் வலது கடைவாயைவிட ஒரு நூல் மேலே இருக்கும். இதை முதலில் கவனித்தவன் நான். இடது பக்கம் கருணை, வலது பக்கம் ஞானம், ஞானத்தைவிடக் கருணை ஒரு நூல் உயர்ந்தது என்று எழுதினேன். அதையே தடியான புத்தகமாகவும் எழுதி டாக்டர் பட்டம் வாங்கினேன். ஒரு மாநாட்டில் நான் இதைப் படித்தபோது முன்வரிசையில் ஒருவர் அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. நான் எழுதியதைப் படித்து நானே கலங்குவது எனக்குப் பழக்கம்தான்.

அதன்பின் புன்னகை எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. துறையின் சின்னத்தில் ஏறியது. கடிதத் தாளில் ஏறியது. பெரிய கம்பெனி மேலாளர்கள் காலையில் கார் போட்டு வந்து அதன் முன்னால் பாய் விரித்து உட்கார்ந்து 'புன்னகைத் தியானம்' செய்யத் தொடங்கினார்கள். ஊழியர்கள் அனைவரும் பணி நேரத்தில் மேற்படி புன்னகையைப் பின்பற்ற வேண்டும் என்று இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார். காவலர் முதல் கணக்கர் வரை எல்லோரும் இடது பக்கம் வாய் கோணி அலைந்தோம். இங்கே பல் ஆஸ்பத்திரி எந்த மாடியில் இருக்கிறது என்று ஒரு பார்வையாளர் கேட்டுவிட்டுப் போனார்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று தலையைக் கண்காட்சிக்குக் கேட்டது. அனுப்புவதற்கு முன்னால் சுத்தம் செய்துவிடுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தது. 'வெளிநாடு' என்ற சொல் கண்ணில் பட்டதும் இயக்குநர் மீதியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். தலை சீரமைப்புப் பிரிவுக்குப் போனது. அந்தப் பிரிவின் தலைவி என் மனைவி. பிரிவில் வேறு யாரும் இல்லாததால் தலைவிக்குக் கீழே வேலை செய்பவளும் அவளே.

ஒருநாள் மதியம் அவள் என் அறைக்குப் போன் செய்தாள்.

"கொஞ்சம் இங்க வர்றீங்களா?"

"சாப்பிடவா?"

"சாப்பிட்டுட்டே வாங்க. அப்புறம் சாப்பாடு இறங்காது."

போனேன். மணல் மூட்டையின் மேல் தலை சாய்ந்திருந்தது. பக்கத்தில் விளக்கு, பூதக் கண்ணாடி, பஞ்சு சுற்றிய மூங்கில் குச்சிகள். துடைத்த பஞ்சை அவள் தூக்கி எறிய மாட்டாள், பரிசோதனைக்காக ஒரு கண்ணாடிக் குடுவையில் போட்டு வைப்பாள். குடுவை கரிய பஞ்சால் நிறைந்திருந்தது. முகம் செம்மண் நிறத்தில் பளிச்சென்று இருந்தது. வாய் நேராக இருந்தது.

"புன்னகை எங்க?" என்றேன்.

"அதோ," என்று குடுவையைக் காட்டினாள்.

"விளையாடாத."

"விளையாடல. டெஸ்ட் பண்ணியாச்சு. ஸ்டவ் கரி, சிகரெட் புகை, டீ ஆவி. பழைய இயக்குநர் ரூம்ல அலமாரி மேல இது ரொம்ப வருஷம் இருந்திருக்கு. கீழ டீ போடுவாங்க. கடைவாய்ல படிஞ்சு படிஞ்சு கோடு மாதிரி ஆயிடுச்சு."

"அப்ப இடது பக்கம் மட்டும் ஏன் மேல போச்சு?"

"ஸ்டவ் இடது பக்கம் இருந்துச்சு."

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். என் கருணை மண்ணெண்ணெய் ஸ்டவ்விலிருந்து வந்திருந்தது. ஞானம் அவ்வளவாக ஆவி படாத பக்கம்.

அவளுக்கோ கண்ணெல்லாம் மின்னியது. "முகத்தைப் பாருங்க. இவ்வளவு நாளா நாம இதைப் பார்க்கவே இல்ல. உதட்டுல பாருங்க, மூங்கில் சீவல்ல ஒரே இழுப்பு. திருத்தவே இல்ல. இப்படி வாங்க, தாடைக்குக் கீழ பாருங்க..."

"வாய் நேரா இருக்கே."

"ஆமா. அவர் செஞ்சது அப்படித்தான்."

"அப்ப என் புத்தகம்?"

"அதை நான் சுத்தம் பண்ணலயே," என்றாள்.

தாடைக்குக் கீழே என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் என் தாடையைத் தாங்கிப் பிடிப்பதே பெரிய வேலையாக இருந்தது.

இயக்குநர் வந்தார். தலையை முன்னால் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார். தன் வாயை இடது பக்கம் கோணிச் சிலைக்கு நினைவூட்டியும் பார்த்தார். சிலை மசியவில்லை.

"இது யாரு?" என்றார்.

"அதே சிலைதான் சார்," என்றாள் மனைவி.

"அது சிரிக்குமே."

"அது அழுக்கு சார்."

"அம்மா, துறையோட சின்னத்தை அழுக்குங்கறீங்களா?"

இயக்குநர் எதையும் முறைப்படி யோசிப்பவர். பதிவேட்டில் இருப்பது புன்னகைக்கும் புத்தர். மேஜையில் இருப்பவர் புன்னகைக்கவில்லை. ஆகவே ஒன்று இது வேறு சிலை, இல்லையென்றால் புன்னகை திருடு போயிருக்கிறது. சிலை அதே சிலைதான் என்று சம்பந்தப்பட்ட ஊழியரே ஒப்புக்கொண்டுவிட்டார். மிச்சம் இருப்பது திருட்டு. பழம்பொருளின் இன்றியமையாத உறுப்பாகிய புன்னகையை உரிய அனுமதியின்றி அகற்றிய குற்றத்துக்காக, விசாரணை முடியும்வரை என் மனைவி வேலைக்கு வரக் கூடாது என்று உத்தரவு வந்தது. குற்றம் உறுதியானால் வேலை போய்விடும் என்று வாய்மொழியாகவும் சொல்லிவிட்டார்கள்.

அன்று வீட்டில் சமையல் என் முறை.

"நீங்கதான் நிபுணர்," என்றாள். "அது அழுக்குதான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், என்னை விட்டுடுவாங்க."

"சொன்னா என் கதி என்ன ஆகும்?"

"சொல்லலன்னா என் கதி?"

"பட்டத்தைத் திருப்பிக் கேட்பாங்கம்மா. மாநாட்டுல அழுதாரே, அவர் வந்து சட்டையைப் பிடிப்பாரு."

"எனக்கு இந்த வேலை பிடிக்கும்," என்றாள். "வேற எதுவும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் ஆசை இல்ல."

குழம்பில் உப்புப் போட மறந்திருந்தேன். அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்து தட்டைக் கழுவினாள். எங்கள் வீட்டில் அதற்கு மேல் தண்டனை கிடையாது.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எதைக் கொடுத்தாலும் அதற்கு ஒரு நகல் கேட்பார் என்பதால் 'நகல்' என்றுதான் அவரைத் துறை முழுக்க அழைப்பார்கள். கூட்ட அறையில் ஒரு பக்கம் இயக்குநர், எதிரே என் மனைவி, நடுவில் மேஜைமேல் சிலை, பக்கத்தில் சான்றுப்பொருளாகப் பஞ்சுக் குடுவை.

"காணாமற்போன புன்னகையின் நீளம்?" என்று தொடங்கினார்.

"அளக்கல சார்," என்றாள்.

"எடை?"

"புன்னகைக்கு எடை கிடையாது சார். அழுக்குக்கு உண்டு. அதை எடை போட்டிருக்கேன்."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அகற்றும்போது புன்னகை எதிர்ப்புத் தெரிவிச்சதா?"

"இல்ல சார்."

"அதோட நகல் ஏதாவது இருக்கா?"

"இங்க எல்லாரும் வாய்ல வெச்சிருக்காங்க சார்."

இயக்குநர் அவசரமாகத் தன் வாயை நேராக்கிக்கொண்டார். நகல் என் பக்கம் திரும்பினார்.

"நிபுணர் என்கிற முறையில நீங்க சொல்லுங்க. அது புன்னகையா, அழுக்கா?"

மனைவி என்னையே பார்த்தாள். இயக்குநர் பார்த்தார். சிலையும் பாதிக் கண்ணால் பார்த்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நான் வாயைத் திறந்தேன் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

"புன்னகைதான் சார்."

மனைவி பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அதைத் தாங்க முடியாமல் அடுத்த வாக்கியம் தானாக வந்து விழுந்தது.

"ஆனா காணாமப் போகல. இடமாற்றம் ஆகியிருக்கு."

நகல் பேனாவை நிமிர்த்தினார். "எங்கே?"

"பஞ்சுக்கு. சிலையோட மேற்பரப்புல இருந்த புன்னகையை ஒரு துகள்கூடச் சேதமில்லாம அவங்க பஞ்சுக்கு மாத்தியிருக்காங்க. முழுப் புன்னகையும் இந்த பாட்டில்லதான் சார் இருக்கு. இப்படி ஒரு வேலையை வேற எந்த அருங்காட்சியகமும் செஞ்சதில்ல."

அறையில் ஒரு நிம்மதி பரவியது. இழப்பு என்றால் யாராவது பொறுப்பேற்க வேண்டும். இடமாற்றம் என்பது எந்த அதிகாரிக்கும் புரியக்கூடிய விஷயம். நகல் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, சரக்கு சரியாக இருப்பதாகக் குறித்துக்கொண்டார். மனைவியின் மீதான குற்றம் அன்றே நீங்கியது. பின்னாலேயே பாராட்டுப் பத்திரமும் வந்தது. அதை அவள் பிரித்துப் பார்க்கவில்லை. என்னிடம் நன்றி என்றும் சொல்லவில்லை, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து சமையலில் என் முறை எது, அவள் முறை எது என்பதை மட்டும் பேசினாள்.

இடமாற்றம் உறுதியான பிறகு மற்றவை முறைப்படி நடந்தன. புன்னகை எங்கே இருக்கிறதோ அதுதான் புகழ்பெற்ற பழம்பொருள். ஆகவே குடுவை நடுக்கூடத்துக்கு வந்தது. அதற்குத் தனி விளக்கு, தனிக் காவலர், கயிறு கட்டிய வரிசை. சிலை, 'புன்னகை நீங்கிய மீதி' என்ற தலைப்பில் பதிவாகிப் பின்கட்டுக் கிடங்குக்குப் போனது. வெளிநாட்டுக்காரர்களும் கடைசியில் குடுவையைத்தான் வாங்கிக்கொண்டுபோய்க் கண்காட்சி வைத்துப் பத்திரமாகத் திருப்பி அனுப்பினார்கள்.

பலகை எழுதும் பொறுப்பு எனக்கே வந்தது. உருவத்தைத் துறந்து உணர்வாக மட்டும் நிலைத்த கலை என்று எழுதினேன். கலைஞர் பெயர் தெரியவில்லை என்றும் கீழே சேர்த்தேன். டீ போட்ட ஊழியர்கள், குடித்த அதிகாரிகள், புகை விட்ட பழைய இயக்குநர் எல்லோருடைய பெயரும் எங்கள் சம்பளப் பட்டியலிலேயே இருக்கிறது. பலகையில் அவ்வளவு இடம் இல்லை.

கூட்டம் அலைமோதியது. தியான மேலாளர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு குடுவைக்கு முன்னால் மாறி உட்கார்ந்தார்கள். மற்ற அருங்காட்சியகங்களும் சும்மா இருக்கவில்லை. ஒன்று தன் சிலையின் சோகத்தை ஒரு பாட்டிலில் எடுத்து வைத்தது. இன்னொன்று ஒரு அரசரின் கோபத்தைத் துடைக்கப்போய் மீசையும் சேர்ந்து வந்துவிட்டதாகக் கேள்வி. ஒருநாள் வரிசையில் நின்ற ஒரு பெண் தன் கணவரிடம், "உங்களுக்குத் தெரியுதா?" என்றாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "தெரியுது, இடது பக்கம் கொஞ்சம் மேல," என்றார். அவரைத் தாண்டி நானும் எட்டிப் பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கும் தெரிந்தது.

மனைவி கிடங்கின் சாவியை மட்டும் கேட்டு வாங்கியிருந்தாள். மதியச் சாப்பாட்டை அங்கேதான் சாப்பிடுகிறாள் என்று காவலர் சொன்னார். ஒருநாள் மனம் கேட்காமல் நானும் போனேன். உடைந்த நாற்காலிகளுக்கும் பழைய பெயர்ப் பலகைகளுக்கும் நடுவே, ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் தலையை வைத்திருந்தாள். எதிரே முக்காலியில் சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் புதிதாகச் சுற்றிய பஞ்சுக் குச்சிகள் இருந்தன.

"வந்துட்டீங்களா," என்றாள். "எதுவும் சொல்லாதீங்க. சும்மா பாருங்க. தாடைக்குக் கீழ."

குனிந்து பார்த்தேன். ஒரு பெருவிரல் பதிந்திருந்தது. ரேகை ஒவ்வொன்றும் தெரிந்தது. ஈர மண் தலை சரிந்துவிடப் போகிறது என்று யாரோ சட்டென்று தாங்கிப் பிடித்திருக்கிறார். பிடித்த கை அப்படியே நிற்கிறது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். அது சிரிக்கவில்லை, வருந்தவும் இல்லை. எவர் வந்து என்ன எழுதினாலும் தனக்கு ஒன்றுமில்லை என்பதுபோல் அமைதியாக இருந்தது. இதுவரை நான் எழுதிய அத்தனைக்கும் கலங்கியதைவிட அதிகமாகக் கலங்கினேன். பிறகு பழக்கத்தில் என் கண், சிலைக்குக் கீழே பலகையைத் தேடியது.

"என்ன தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல," என்றேன்.

அப்போது செல்போன் அடித்தது. இயக்குநர்.

"பாட்டில்ல புன்னகை வெளுத்துட்டே வருதாம். விளக்கு வெளிச்சத்துல கறுப்பு மங்குதுன்னு பார்வையாளர்கள்கிட்டேருந்து புகார். புதுசா உற்பத்தி பண்ண வேண்டிய கட்டாயம். உங்க மனைவி அறிக்கையில ஸ்டவ்வுன்னு ஏதோ எழுதியிருந்தாங்க இல்ல? கிடங்குல இருக்கிற மீதியை என் ரூமுக்கு எடுத்துட்டு வரச் சொல்லியாச்சு. இனிமே எல்லா ஊழியருக்கும் டீ அங்கதான். எல்லாரும் கட்டாயம் கலந்துக்கணும். நிபுணர் என்கிற முறையில உங்ககிட்ட ஒரே ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க சார்."

"ஸ்டவ்வை எந்தப் பக்கம் வைக்கணும்?"

மனைவிக்கு எல்லாம் கேட்டிருக்க வேண்டும். சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு என்னையே பார்த்தாள். அவளுக்குப் பின்னால் சிலை இருந்தது. அந்தப் பெருவிரல் இன்னும் என் கண்ணுக்குள்ளேயே இருந்தது. தொண்டையைச் செருமினேன்.

"இடது பக்கம் சார்."

போனை வைத்தபோது என் வாய் தானாகக் கோணியிருந்தது. எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. மனைவி மடியிலிருந்து ஒரு பஞ்சுக் குச்சியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"துடைச்சுக்கோங்க," என்றாள்.